ஜன்னல் பக்கத்துப் பிள்ளைகள்

நான் ஓய்வுபெற்ற அன்று நாற்பது பள்ளிக்கூடங்கள் ஒரே நேரத்தில் பெருமூச்சு விட்டதில் ரோட்டோர மரங்கள் நாலைந்து சாய்ந்துவிட்டன. முப்பத்தொரு வருஷம் நான் பார்த்த வேலை அப்படி. அடுத்தவர் பாடம் நடத்தும்போது வகுப்பில் போய் உட்கார்ந்து பார்க்க வேண்டும். என் அறைக் கதவில் மேற்பார்வையாளர் என்று எழுதியிருக்கும். ஆசிரியர்கள் எனக்கு வைத்த பெயர் கொக்கு. அசையாமல் உட்கார்ந்திருப்பேனாம், மீன் தலை தூக்கியதும் ஒரே கொத்தாம். நான் வருகிறேன் என்று தெரிந்தால் சாக்பீஸ்கூட வியர்க்கும்.

என்னிடம் ஒரு ஆயுதம் உண்டு. வகுப்பு வரைபடம் என்று பெயர். ஒரு தாளில் பெஞ்சுகளைக் கட்டம் கட்டமாக வரைந்துகொள்வேன். டீச்சர் எந்தப் பிள்ளையிடம் கேள்வி கேட்கிறாரோ, யார் சொன்ன பதிலை எடுத்துக்கொள்கிறாரோ, அந்தக் கட்டத்தில் ஒரு கோடு. பீரியட் முடிந்ததும் அந்தத் தாளை டீச்சர் முன்னால் வைத்தால் போதும், நான் வாயே திறக்க வேண்டாம். 'நான் எல்லாரையும் சமமாத்தான் சார் பார்க்கறேன்' என்று சத்தியம் செய்த எத்தனையோ பேர் அந்தத் தாளைப் பார்த்துவிட்டுத் தண்ணீர் கேட்டிருக்கிறார்கள்.

அந்தத் தாள் என்னையே தண்ணீர் கேட்க வைத்த கதை இது.

அவர் ஒரு கணக்கு டீச்சர். முப்பத்தொன்பது வயதில்தான் அரசு வேலை கிடைத்தது. தகுதிகாண் பருவம் இரண்டு வருஷம், அதற்குள் என்னுடைய மூன்று அறிக்கைகள். மூன்றாவதைப் பொறுத்துத்தான் வேலை நிரந்தரமா, இல்லை வீட்டுக்கா என்பது முடிவாகும். முதல் இரண்டிலும் நான் எழுதியது ஒன்றேதான்: 'வகுப்பின் ஒரு பாதி மாணவர்களைப் புறக்கணிக்கிறார்.' இரண்டு முறையும் கையெழுத்துப் போட்டு, தேதி போட்டு, நிம்மதியாகத் தூங்கினேன்.

மூன்றாவது முறை போனபோது தலைமையாசிரியை வாசலிலேயே பிடித்துக்கொண்டார். அவர் மெதுவாகப் பேசினாலே சுவரில் சுண்ணாம்பு உதிரும்.

"சார், இந்தத் தடவை சுத்தி வளைக்காதீங்க. வேணும், வேணாம், ரெண்டுல ஒண்ணு எழுதிக் குடுத்துட்டுப் போங்க. மூணு அம்மாங்க தினம் என் ரூம் வாசல்ல உக்காந்திருக்காங்க. 'எங்க பிள்ளைய அந்த டீச்சர் மனுஷனாவே மதிக்கறதில்ல'ன்னு."

"அந்த மூணு பிள்ளைங்களும் எந்தப் பக்கம் உக்காருது?"

"ஜன்னல் பக்கம். ஏன், அதுல என்ன?"

"ஒண்ணுமில்ல மேடம். என் ரெண்டு ரிப்போர்ட்டும் அதையேதான் சொல்லுது."

சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

வழக்கமாக நான் கதவுப் பக்கம் கடைசி பெஞ்சில் உட்காருவேன். அங்கேதான் மின்விசிறி. கட்டிப் போட்ட ஆனை மாதிரி ஆடும், ஆனாலும் காற்று வரும். அன்று அந்த பெஞ்சுக்கு ஒரு கால் இல்லை. பிள்ளைகள் என்னை ஜன்னல் பக்கக் கடைசிக்கு அனுப்பிவிட்டார்கள்.

டீச்சர் சதவீதம் நடத்தினார். நன்றாகத்தான் நடத்தினார். மேஜை கதவுப் பக்கம் இருந்தது. அதன் அருகிலேயே நின்று, வகுப்பைப் பார்த்து, "அறுபதுல முப்பது சதவீதம் எவ்வளவு?" என்றார்.

எனக்கு முன்னால் ஒரு ஒல்லிப் பெண். "பதினெட்டு" என்றாள். என் காதில் தெளிவாக விழுந்தது. டீச்சர் திரும்பவில்லை. அவள் இன்னொரு முறை சொன்னாள். டீச்சர் கதவுப் பக்கமிருந்த ஒருவனைப் பார்த்து, "நீ சொல்லு" என்றார். அவன் பதினெட்டு என்றான். "சபாஷ்" அவனுக்குப் போயிற்று. ஒல்லிப் பெண் பேனா மூடியைக் கடித்துக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே பார்க்க ஆரம்பித்தாள்.

கதவுப் பக்கம் உட்கார்ந்திருந்த இரண்டு முறையும் இந்தப் பெண் வாயே திறக்காதவள் என்றுதான் நினைத்திருந்தேன்.

அப்போதுதான் மடியிலிருந்த என் இரும்பு ஸ்கேல் நழுவித் தரையில் விழுந்தது. அந்தக் கட்டடத்தில் அது போட்ட சத்தத்துக்கு அடுத்த தெருவில் ஒரு நாய் குரைத்தது. நாற்பத்திரண்டு பிள்ளைகளும் சடாரென்று என் பக்கம் திரும்பினார்கள்.

டீச்சரும் திரும்பினார், கதவுப் பக்கம்.

திரும்பி, வாசலில் யாரும் இல்லாததைப் பார்த்து, பிறகு பிள்ளைகளின் முகங்களைப் பார்த்து, அவர்கள் பார்க்கும் திசையைப் பிடித்துக்கொண்டு கடைசியாக என்னிடம் வந்தார். இரண்டு விநாடிகூட ஆகியிருக்காது. ஆனால் எனக்கு அது போதுமாக இருந்தது. அவருடைய இடது காது ஜன்னலைப் பார்த்திருந்தது. அந்தக் காதுக்கு ஸ்கேல் விழவே இல்லை.

பீரியட் முடிந்ததும் பேச ஒரு இடம் வேண்டும். பழைய வரைபடச் சுருள்களும் உடைந்த பூகோள உருண்டையும் கிடக்கும் அறையைத் திறந்துவிட்டார்கள். டீச்சர் உட்காருவதற்கு முன் நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்தி, நான் வலது பக்கம் வரும்படி போட்டுக்கொண்டார். இதே அறையில் இரண்டு முறை பேசியிருக்கிறோம், இரண்டு முறையும் நகர்த்தியிருப்பார். கொக்குக்கு அது கண்ணில் படவில்லை.

மூன்று வரைபடங்களையும் மேஜையில் பரப்பினேன். கதவுப் பக்கம் மூன்று நாளும் சேர்த்து அறுபத்தொரு கோடு. ஜன்னல் பக்கம் ஏழு. இந்த எண்ணிக்கையில் நான் ஒரு கோடுகூடக் கூட்டிச் சொல்லவில்லை.

"இந்த ஏழு பேரும் கை தூக்கினவங்க" என்றேன். "வாயால சொன்னவங்க ஒருத்தர்கூட இல்ல."

டீச்சர் தாளைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"எத்தன நாளா டீச்சர்?"

"என்னது சார்?"

"இடது காது."

அவர் மறுப்பார் என்று நினைத்தேன். எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"அஞ்சு வருஷம். கொஞ்சம் கொஞ்சமாப் போச்சு. இப்ப சுத்தமா இல்ல. வீட்டுக்காரருக்குத் தெரியும். மாமியாருக்குத் தெரியாது. அந்தப் பக்கத்துலேருந்து கூப்பிட்டா திரும்ப மாட்டேன், 'வேலைக்குப் போற திமிரு'ன்னு அவங்களே முடிவு பண்ணிட்டாங்க. சரி, அதுவே இருக்கட்டும்னு விட்டுட்டேன்."

"என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே. ரெண்டு ரிப்போர்ட்ல பாரபட்சம்னு எழுதியிருக்கேன்."

"எழுதுங்க சார். மூணாவதுலயும் எழுதுங்க." குரல் உடையவில்லை, அதுதான் பயமாக இருந்தது. "பாரபட்சம்னா திருத்திக்கறேன்னு இன்னொரு வாய்ப்பு கேக்கலாம். காது கேக்கலன்னு எழுதினா என்ன கேக்கறது? செவிட்டு டீச்சர் எதுக்குன்னு ஒரே வரியில முடிச்சிருவாங்க. வீட்டுல மூணு பேர் சாப்பாடு என் சம்பளத்துல நடக்குது சார்."

"பிள்ளைங்க?"

"பிள்ளைங்களுக்கு என்ன? புரியாதத எப்ப வந்து கேட்டாலும் சொல்லித் தர்றேன்."

"அவங்க கேக்கறாங்க டீச்சர். இன்னிக்கு நான் அந்தப் பக்கம் இருந்தேன். எனக்கு முன்னாடி ஒரு ஒல்லிப் பொண்ணு ரெண்டு தடவ சரியான விடை சொல்லிச்சு. சபாஷ் வேற ஒருத்தனுக்குப் போச்சு."

டீச்சரின் விரல் தாளில் அந்தக் கட்டத்தைத் தேடிக் கண்டுபிடித்தது. காலிக் கட்டம். மூன்று தாளிலும் காலி.

"இந்தப் பொண்ணு பேசவே பேசாதுன்னு நினைச்சிட்டிருக்கேன்" என்றார் மெல்ல. "அவங்க அம்மாகிட்டகூடச் சொன்னேன் சார். உங்க பொண்ணு மந்தம்னு."

அதற்குப் பிறகுதான் அழுதார். நான் உடைந்த பூகோள உருண்டையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் கணக்கும் அவர் கணக்கு மாதிரிதான் தப்பாகியிருந்தது. ஏன் ஒரு பாதி காலி என்று கேட்பதற்காகத்தான் அந்த வரைபடமே. நான் காலி என்று மட்டும் எழுதி, அதற்குக் காரணமாக அவர் குணத்தையும் நானே எழுதிச் சேர்த்திருந்தேன். இரண்டு முறை, முத்திரையோடு.

"அறிக்கைய வெள்ளிக்கிழமை குடுத்தாப் போதும்" என்றேன். "நாளைக்கும் ஒரு பீரியட் வர்றேன். அதுக்குள்ள ஒண்ணு யோசிங்க. மேஜை ஏன் கதவுப் பக்கம் இருக்கு? அங்க நின்னா மொத்த வகுப்பும் உங்க இடது பக்கம். ஜன்னல் மூலையில நின்னா எல்லாரும் வலது பக்கம் வந்துருவாங்க."

"தெரியும் சார். முதல் மாசமே தெரியும்."

"அப்புறம்?"

"நகர்த்தினா ஏன்னு கேப்பாங்களே."

மறுநாள் நான் போனபோது மேஜை ஜன்னல் மூலையில் இருந்தது. சீனச் சுவரை நகர்த்தினாலும் அதை நகர்த்த முடியாது என்று பியூன் சொல்லியிருந்த மேஜை. தரையில் இரண்டு நீளக் கீறல்கள். யார் தள்ளியது என்று நான் கேட்கவில்லை. டீச்சரின் உள்ளங்கை சிவந்திருந்தது.

"பாடத்துக்கு முன்னாடி ஒரு விஷயம்" என்றார். "எனக்கு இடது காது கேக்காது. ரெண்டு வருஷமா உங்ககிட்ட மறைச்சேன். ஜன்னல் பக்கம் இருக்கறவங்க சொன்னது எதுவும் எனக்கு விழல. நீங்க சொல்லலன்னு நான் நினைச்சேன். அது என் தப்பு. இனிமே எல்லாரும் எழுந்து நின்னு சத்தமாச் சொல்லணும். எனக்கு விழலன்னா விடாம மறுபடியும் சொல்லணும்."

பிறகு, அவர் பயந்தது நடந்தது.

ஜன்னல் பக்கம் ரெட்டைச்சுழி என்று ஒருவன். தலையில் இரண்டு சுழி, வாயில் இருபது சுழி. டீச்சர் கரும்பலகைப் பக்கம் லேசாகத் திரும்பிய நேரம் பார்த்து, உதடு அசையாமல் எதையோ முணுமுணுத்தான். சுற்றியிருந்த ஐந்தாறு பேர் வெடித்துச் சிரித்தார்கள். என் கையிலிருந்த பென்சில் ஒடிந்தது. எழுந்து போய் அவன் காதைத் திருகலாமா என்று இருந்தது. மேற்பார்வையாளர் எழுந்திருக்கக் கூடாது. எழுந்தால் அது என் வகுப்பாகிவிடும். உட்கார்ந்தே இருந்தேன். முப்பத்தொரு வருஷத்தில் உட்கார்ந்திருப்பது அவ்வளவு கஷ்டமாக என்றைக்கும் இருந்ததில்லை.

டீச்சர் சாக்பீஸை வைத்துவிட்டு அவனிடம் போனார். குனிந்து வலது காதைக் கொடுத்தார்.

"இதுல சொல்லு. இது நல்லா வேலை செய்யுது."

"ஒண்ணுமில்ல டீச்சர்."

"ஒண்ணுமில்லாததுக்கா இவ்வளவு பேர் சிரிச்சாங்க? சொல்லுடா. நான் கோவிக்க மாட்டேன்."

அவன் முகம் சிவந்தது. "இனிமே என்ன வேணா பேசலாம்டான்னு சொன்னேன்."

"சரிதானே. நானும் அதைத்தான் சொன்னேன், என்ன வேணா பேசலாம், ஆனா எழுந்து நின்னு. இப்ப நில்லு. எண்பதுல கால் சதவீதம் எவ்வளவு?"

"இருபது" என்று கத்தினான்.

"தப்பு."

ஒல்லிப் பெண் எழுந்தாள். "அது கால் பங்கு டீச்சர். கால் சதவீதம்னா, ஒரு சதவீதத்துல கால்." கொஞ்சம் யோசித்தாள். "ரெண்டு."

"அதுவும் தப்பு. ஆனா நீ போற வழி சரி. உக்காராத, யோசி."

அவள் உட்காரவில்லை. டீச்சர் காத்திருந்தார், கண்ணை அவளிடமிருந்து எடுக்காமல். "பூஜ்யம் புள்ளி ரெண்டு" என்றாள் கடைசியில். அன்று ஜன்னல் பக்கம் பத்தொன்பது கோடு.

அறிக்கையைப் பிற்பகலில் எழுதினேன். முதல் பத்தியில், 'முந்தைய இரு அறிக்கைகளில் மேற்பார்வையாளர் எடுத்த முடிவு பிழையானது. காரணத்தை ஆராயாமல் எழுதப்பட்டது. அவற்றை விலக்கிக்கொள்கிறேன்' என்று எழுதினேன். இரண்டாவது பத்தியை எழுதுமுன் பேனாவை வைத்துவிட்டு டீச்சரைக் கூப்பிட்டேன்.

"காதைப் பத்தி எழுதட்டுமா, வேணாமா? நீங்க வேணாம்னா எழுத மாட்டேன்."

"எழுதுங்க சார். நாப்பத்திரண்டு வாய்க்குத் தெரிஞ்சாச்சு. சாயங்காலம் மாமியாருக்கே தெரிஞ்சிடும்." முதல் பத்தியைப் படித்தார். "இது உங்க மேல நீங்களே குடுத்த புகார் மாதிரி இருக்கே?"

"மாதிரி என்ன, அதேதான்."

"ரிட்டயர் ஆக ரெண்டு வருஷம் இருக்கறப்ப இதெல்லாம் தேவையா சார்?"

"உங்களுக்கு வேலையே போகலாம்ங்கறப்ப, வகுப்பு முன்னாடி சொல்லத் தேவைப்பட்டுச்சே."

இரண்டு மாதம் கழித்துப் பதில் வந்தது. என்னிடம் விளக்கம் கேட்டு மூன்று பக்கம், என் வருடாந்திர உயர்வை நிறுத்தி ஒரு பக்கம். டீச்சருக்கு நிரந்தரம் இல்லை, வெளியேற்றமும் இல்லை. மருத்துவச் சான்றிதழ், தகுதிகாண் பருவம் இன்னும் ஆறு மாதம், வேறொரு மேற்பார்வையாளர். அந்த ஆறு மாதமும் நான் அந்தத் தெருப் பக்கம் போகக்கூடாது என்று வாய்மொழி உத்தரவு. போகவில்லை. டீச்சர் போன் செய்யவும் இல்லை. என் மனைவி, "உங்களுக்குத்தான் பரீட்சை மாதிரி தினம் காலண்டரைப் பார்க்கறீங்க" என்றாள்.

ஏழாவது மாதம் போன் வந்தது.

"சார், நிரந்தரம் பண்ணச் சொல்லி எழுதிட்டாங்க."

நான் காலண்டரைச் சுவரிலிருந்து கழற்றினேன்.

"ஆனா ஒரு குறை எழுதியிருக்காங்க சார். வகுப்புல சத்தம் ரொம்ப அதிகமாம். பிள்ளைங்க எழுந்து நின்னு கத்தறாங்களாம். கட்டுப்படுத்தணுமாம்."

"எந்தப் பக்கம் சத்தமாம்?"

"ரெண்டு பக்கமும்தானாம் சார்."