கை தூக்கியவர்கள்

வாசகர் அறையின் பின்பக்க ஜன்னல்களை யாரும் திறப்பதில்லை. நூலகத்தின் சுற்றுச்சுவருக்கும் சந்தையின் தகரக் கொட்டகைக்கும் நடுவே ஒரு சந்து இருந்தது. சந்தையில் கடை போட்டிருந்தவர்களுக்கு ஒதுங்க அதை விட்டால் வேறு இடமில்லை. ஆண்கள் நேரங்காலம் பார்க்கமாட்டார்கள். பெண்கள் விடிவதற்கு முன்னால் போய்விட்டு வந்து, இருட்டும்வரை தொண்டையை நனைக்காமல் உட்கார்ந்திருப்பார்கள்.

அந்தக் கிளைக்கு மாற்றலாகி வந்த நூலகர் சுத்தம் பார்ப்பவள். வேறொருவர் குடித்த தம்ளரைத் திரும்பத் திரும்பக் கழுவாமல் வாயில் வைக்கமாட்டாள். வந்த அன்றே ஜன்னலைத் திறந்தவள், குமட்டலை அடக்கிக்கொண்டு அதைச் சாத்திவிட்டு, தரையெல்லாம் பினாயில் ஊற்றித் துடைக்கச் சொன்னாள். நாளடைவில் அந்த நாற்றமும் பினாயிலும் கலந்த ஒரு வாடை அவள் புடவையிலேயே ஏறிவிட்டது. பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவர்கள் நகர்ந்து உட்கார்வதுபோல் அவளுக்குத் தோன்றும்.

ஒரு மத்தியானம் கீரை விற்கும் பெண் நூலகத்துக்குள் வந்தாள். சந்தையில் அவளைக் கணீரக்கா என்பார்கள். அவள் விலை சொன்னால் சாத்திய ஜன்னலைத் தாண்டி உள்ளே கேட்கும். அன்றைக்கு அந்தக் குரலைக் காணோம். கர்ப்பிணியான மருமகளைக் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டு வாசற்படியிலேயே நின்றாள்.

"மேடம், இவளால முடியல. ஒரே ஒரு தடவ உங்க பாத்ரூம்ல விடுறீங்களா? நானே கழுவி விட்டுட்டுப் போறேன்."

நூலகர் ஊழியர் கழிப்பறையின் சாவியை எடுத்துக் கொடுத்தாள். அந்தப் பெண் அலமாரிகளைப் பிடித்துப் பிடித்து நடந்து போனாள். செய்தித்தாள் மேசையில் இருந்த பெரியவர்கள் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். எச்சில் தொட்டுத் தொட்டுத் தாள் புரட்டுகிற அதே ஆட்கள்.

"இது லைப்ரரியா, சத்திரமா?" என்றார் ஒருவர்.

"இன்னிக்கு ஒருத்தி வந்துட்டா. நாளைக்குச் சந்தையே வரும், பாருங்க" என்றார் பக்கத்தில் இருந்தவர்.

அவர்கள் எழுந்து போன பிறகு, அவர்கள் தொட்ட தாளை மடித்து வைக்கவே நூலகருக்குக் கை கூசியது.

சந்தைக்கு ஒரு கழிப்பறை கட்டித் தர நகராட்சி எப்போதோ ஒப்புக்கொண்டிருந்தது. எங்கே கட்டுவது என்பதில்தான் இழுபறி. ஊரில் எல்லோருக்கும் கழிப்பறை வேண்டும், அவரவர் வீட்டுக்கு எதிரே மட்டும் வேண்டாம். அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கம் ஒரு பக்கம் இழுத்தது, கடைக்காரர்கள் ஒரு பக்கம் இழுத்தார்கள்.

குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர் நூலகரின் கூடப்பிறந்த அண்ணன். ஓய்வுபெற்ற கல்லூரி ஆசிரியர். குடிமக்களின் கடமை பற்றிப் பத்திரிகைகளுக்கு எழுதுவார். அப்பா போன பிறகு அவளைப் படிக்க வைத்தவர் அவர்தான். அவர் சொன்னால் அவளுக்கு மறுபேச்சு கிடையாது. சாயங்காலம் அவரிடம் போய்த் தன் யோசனையைச் சொன்னாள்.

"லைப்ரரியில வச்சு எல்லாரையும் கூப்பிட்டு நேருக்கு நேர் பேச வச்சா என்னண்ணே? எங்க கட்டணும்னு அவங்களே முடிவு பண்ணட்டும்."

"அருமை. நூலகம்னா அதுக்குத்தானேம்மா இருக்கு? புஸ்தகத்துக்குத் தூசி தட்டவா?" என்றார் அண்ணன். "நீ கூட்டத்தப் போடு. எங்க ஆளுங்களக் கூட்டிட்டு வர்றது என் பொறுப்பு."

அவர் சொன்னபடியே கூட்டிக்கொண்டு வந்தார். அண்ணியும் வந்திருந்தாள். சந்தைப் பெண்கள் கடையைப் பாதியில் கட்டிவிட்டு வந்து, நாற்காலி இருந்தும் சுவரோரம் நின்றார்கள். நூலகர் ஒவ்வொருத்தியாகக் கூப்பிட்டு உட்கார வைத்தாள். நகராட்சிப் பொறியாளர் முன்வரிசையில் அமர்ந்து, வாயை மூடாமல் கொட்டாவி விட்டார். கடைசி வரிசையில் உள்ளூர்ப் பத்திரிகையின் நிருபர், கேமராவோடு.

தொடக்கமே காது கூசும்படி இருந்தது. கழிப்பறை கட்டினால் அதில் மூட்டை அடுக்குவார்கள் என்றார் ஒருவர். தன் சமையலறை ஜன்னல் அந்தப் பக்கம் பார்ப்பதாகச் சொல்லி ஒரு அம்மாள் கண்ணைக் கசக்கினாள். பிறகு சங்கத்தில் ஒருவர், நல்ல சலவைச் சட்டை போட்டவர், எழுந்து நிதானமாகச் சொன்னார்:

"இவங்களுக்கு இதெல்லாம் பழகிப்போச்சு சார். அந்த உடம்பு வேற, நம்ம உடம்பு வேற."

கணீரக்கா எழுந்தாள். இந்தத் தடவை குரல் வந்தது.

"எங்க உடம்பு எதுல சார் செஞ்சது, தகரத்துலயா? என் மருமக ஆஸ்பத்திரியில கெடக்குறா. அடக்கி அடக்கி உள்ள சீழ் வச்சிருச்சுன்னு டாக்டர் திட்டுறாரு. வயித்துல புள்ளையோட படுத்திருக்கா. தண்ணி குடிக்கச் சொல்றாரு. குடிச்சா எங்க சார் போறது? உங்க வாசல்லயா?"

சலவைச் சட்டைக்காரர் உட்கார்ந்துவிட்டார். அண்ணன் எழுந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கண் கலங்கியிருந்தது.

"இந்தத் தாய் பேசினதுக்கப்புறம் நாம என்ன பேசுறது? எங்க குடியிருப்புக்குப் பக்கவாட்டுல, காம்பவுண்டுக்கு வெளியே ஒரு காலி மூலை இருக்கு. பக்கத்துலயே பாதாளச் சாக்கடையும் போகுது. அங்க கட்டட்டும். சம்மதிக்கிறவங்க கை தூக்குங்க."

முதலில் அவர் தூக்கினார். அவரைப் பார்த்து மற்றவர்கள் தூக்கினார்கள். நிருபர் படம் எடுத்தார். பொதுமக்கள் கருத்து இதுதான் என்றால் தங்களுக்கு ஆட்சேபணை இல்லை என்றார் பொறியாளர். கணீரக்கா கூடையில் மிச்சமிருந்த கீரைக்கட்டை எடுத்து அண்ணனிடம் நீட்டினாள். அவர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். நூலகருக்குப் பெருமை தாங்கவில்லை. அன்றைக்குச் சாப்பாடே வேண்டியிருக்கவில்லை.

அந்த வாரக் கடைசியில் செய்தி வந்தது. கணீரக்கா காலையிலேயே நூலக வாசலில் காத்திருந்தாள்.

"நம்ம படம் பேப்பர்ல வந்திருக்காமே மேடம்? காட்டுங்களேன்."

படம் பெரிதாகவே வந்திருந்தது. அறை முழுக்கத் தூக்கிய கைகள். நடுவில் கணீரக்காவின் கை, வளையல் முழங்கைவரை இறங்கியபடி. நூலகரின் கண் தலைப்புக்குப் போனது. 'கழிப்பறை வேண்டாம்: குடியிருப்போரும் சந்தையினரும் ஒருமித்த எதிர்ப்பு.' கீழே, இடத்தை மாற்றி ஊருக்கு வெளியே கட்ட வேண்டும் என்று சங்கச் செயலாளர் வலியுறுத்தியதாகப் போட்டிருந்தது.

"என்ன போட்டிருக்கு?" என்றாள் கணீரக்கா, தன் படத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

பொய் சொல்லிவிடலாம் என்று நூலகருக்கு ஒரு கணம் தோன்றியது. அப்படித் தோன்றியதே அவளுக்கு அருவருப்பாக இருந்தது. உள்ளது உள்ளபடி வாசித்தாள்.

கணீரக்கா படத்தில் தன் கைமேல் விரலை வைத்தாள். "என் கையை எடுத்தே என் வாயில அடிச்சுட்டாங்களே" என்று சொல்லிவிட்டு, கூடையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு போனாள்.

நூலகர் பொறியாளருக்குப் போன் செய்தாள்.

"மக்கள் வேணாம்னு பேப்பர்லயே வந்திருச்சே மேடம்."

"நீங்க அந்த ரூம்ல உக்காந்திருந்தீங்களே சார்!"

"நான் உக்காந்திருந்தேன். எங்க மேலதிகாரி உக்காரலையே. அவரு பேப்பரத்தான பாப்பாரு?" என்று சிரித்தார் அவர்.

நேரே அண்ணன் வீட்டுக்குப் போனாள். அண்ணன் சாய்வு நாற்காலியில், அதே பத்திரிகையை மடியில் விரித்து வைத்திருந்தார்.

"இத யாருண்ணே சொன்னது?"

"உக்காரும்மா. டீ குடிக்கிறியா?"

"யார் சொன்னது?"

"நான்தான். வேற யாரு?" அவர் குரலில் கூச்சமே இல்லை. "கூட்டத்துல அப்படிப் பேசலன்னா கைகலப்பு ஆகியிருக்கும். அவங்களுக்கு மனசுல உள்ளதக் கொட்டணும். கொட்டிட்டாங்க, நாம கேட்டோம், சந்தோஷமாப் போனாங்க. கலந்துரையாடல்னா அவ்வளவுதாம்மா. நெஜமாவே கட்டிட்டா இந்த வீட்ட எவன் வாங்குவான்?"

"கண்ணு கலங்கினீங்களே?"

"கலங்கத்தான் செஞ்சுது. பாவமா இருந்துச்சு. பாவப்பட்டா வீட்டு வாசல்ல கக்கூஸ் கட்டணுமா?"

அவள் சமையலறைக்குள் போனாள். அண்ணி அடுப்புப் பக்கம் திரும்பி நின்றிருந்தாள். குப்பை வாளியில் கீரைக்கட்டு கட்டுப் பிரிக்காமலேயே அழுகிப் பச்சைத் தண்ணீர் விட்டுக் கிடந்தது.

"சாக்கடைத் தண்ணியில கழுவியிருப்பாங்கன்னு உங்க அண்ணன்தான் தூக்கிப் போடச் சொன்னாரு" என்றாள் அண்ணி, திரும்பாமல்.

நூலகர் அங்கே பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. படியிறங்கும்போது தான் சின்ன வயதில் அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டு பள்ளிக்கூடம் போனது ஞாபகம் வந்தது. ஏதோ எச்சிலைத் தொட்டுவிட்டதுபோல் உள்ளங்கையைப் புடவையில் துடைத்துத் துடைத்துப் பார்த்தாள்.

மறுநாள் நூலக வாசல் பலகையில் அந்தச் செய்தியை ஒட்டினாள். அதன் கீழே கொட்டை எழுத்தில் எழுதினாள்: 'இந்தப் படத்தில் கை தூக்கியிருப்பவர்கள் எதற்காகத் தூக்கினீர்கள்? ஞாயிற்றுக்கிழமை வந்து எல்லோர் முன்னாலும் சொல்லுங்கள்.'

பலகையைச் சுற்றிக் கூட்டம் சேர்ந்தது. யார் கை எது என்று பிள்ளைகள் விரல் வைத்துக் காட்டிச் சிரித்தார்கள். வராவிட்டால் மானம் போய்விடும் என்று பலர் வந்தார்கள். பொறியாளரும், அவருடைய மேலதிகாரியும்கூட வந்தார்கள். மேலதிகாரியை நேரில் போய் அழைத்தவள் அவள்தான். அண்ணி பெண்களோடு பின்வரிசையில் உட்கார்ந்தாள். அண்ணன் நடு நாற்காலியில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தார். தன் தங்கை தன் முகத்துக்கு நேரே என்ன சொல்லிவிடப் போகிறாள் என்ற தைரியம்.

சந்தைப் பெண்கள் வரிசையாக எழுந்து, வேண்டும் என்றுதான் தூக்கினோம் என்றார்கள். அதற்குப் பிறகு நடந்ததைத்தான் நூலகரால் சகிக்க முடியவில்லை.

"நான் ஃபேன நிறுத்தச் சொல்லித்தான் கை தூக்கினேன்" என்றார் செய்தித்தாள் மேசைப் பெரியவர்களில் ஒருவர்.

"நான் தலையச் சொறிஞ்சேன். போட்டோவுல அப்படி விழுந்திருச்சு" என்றார் சலவைச் சட்டைக்காரர்.

சமையலறை ஜன்னல் அம்மாளோ, படத்தில் இருப்பது தானே இல்லை, தன்னைப் போல வேறு யாரோ என்றாள். அதே புடவையைத்தான் கட்டிக்கொண்டு வந்திருந்தாள்! பின்னாலிருந்து யாரோ வெடித்துச் சிரித்தார்கள். நூலகருக்குச் சிரிப்பு வரவில்லை. அழுகின பழத்தைக் கடித்துவிட்டதுபோல் வாயெல்லாம் கசந்தது.

"நான் கழிப்பறை கட்டணும்னு தூக்கினேன்" என்றாள் அவள். "எனக்கு முன்னால, மொத ஆளாத் தூக்கின கை எங்க அண்ணனோடது. அவர்தான் பேப்பருக்கு மாத்திச் சொன்னாரு. எங்கிட்ட அவரே ஒத்துக்கிட்டாரு."

அண்ணன் முகம் கறுத்தது. "நீ தங்கச்சியாப் பேசுறியா, நூலகராப் பேசுறியா?"

"எதுவாப் பேசினாலும் எனக்கு ஒரே அசிங்கமாத்தான் இருக்கு."

"வீட்டு விஷயத்த வீதிக்கு இழுக்குறா" என்று அவர் கூட்டத்தைப் பார்த்துச் சிரிக்க முயன்றார். "நிருபர் ஏதோ தப்பா எழுதிட்டாரு, அவ்வளவுதான். நான் அப்படிச் சொல்லவே இல்ல."

"சொன்னாரு" என்றது ஒரு குரல். அண்ணி எழுந்து நின்றாள். முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள். "அன்னைக்கு வீட்டுக்குப் போற வழியிலேயே போன் பண்ணிச் சொன்னாரு. நான் பக்கத்துலதான் நடந்து வந்தேன். நானும் ஆபீஸ் வேலைக்குப் போன காலத்துல தண்ணி குடிக்காமத்தான் இருந்தேன், அங்க ஆம்பளைங்களுக்கு மட்டும்தான் பாத்ரூம் இருந்துச்சு. என் கை வேணும்னுதான் தூக்குச்சு. இப்பவும் வேணும்னுதான் சொல்றேன்."

அண்ணன் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்து வெளியே போனார். அவர் கூட யாரும் போகவில்லை. அதுவும் அவர் செய்தது தப்பு என்பதற்காக இல்லை, எந்தப் பக்கம் காற்று வீசுகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். மேலதிகாரி தொண்டையைச் செருமி, மறுபடியும் கை தூக்கச் சொன்னார். ஃபேனுக்குத் தூக்கினவரும் தலை சொறிந்தவரும் இந்தத் தடவை நன்றாகத் தெரியும்படி தூக்கினார்கள்.

மழைக்காலம் முடிவதற்குள் அந்த மூலையில் கழிப்பறை எழும்பிவிட்டது. குடியிருப்புக்காரர்கள் தங்கள் சுவரை ஆளுயரம் உயர்த்திக்கொண்டார்கள். கட்டடம் திறப்பதற்கு முன்பே அதன் கூரையில் சுவர் தாண்டி வீசிய குப்பைப் பைகள் விழுந்திருந்தன. அண்ணன் தங்கையிடம் பேசுவதில்லை. அண்ணி மட்டும் நூலகத்துக்கு வந்து போவாள்; வீட்டைப் பற்றி வாயே திறக்கமாட்டாள்.

திறப்பு விழா மேடையில் யார் இருப்பார்கள் என்று நூலகரிடம் யாரும் சொல்லவில்லை. போய்ப் பார்த்தால், மாலையும் கழுத்துமாக அண்ணன். பக்கத்தில் பொறியாளர். சலவைச் சட்டைக்காரர் எல்லோருக்கும் நாற்காலி எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். அண்ணன் கத்தரிக்கோலைக் கையில் வைத்துக்கொண்டு, குடிமக்கள் கூடிப் பேசினால் எதையும் சாதிக்கலாம் என்பதற்குத் தன் வாழ்க்கையே சாட்சி என்று பேசினார். நல்ல கைதட்டல். பேச்சு நீண்டுகொண்டே போனது.

கணீரக்கா கூட்டத்தில் நின்றிருந்தாள். மருமகள் இடுப்பில் கைக்குழந்தை, நெளிந்துகொண்டிருந்தது. மருமகளும் நெளிந்தாள்.

"முடிச்சிருவாரா அத்தே?" என்று கேட்டாள்.

"அவரு எங்க முடிக்கப் போறாரு? புள்ளைய எங்கிட்ட குடு. நீ உள்ள போ."

மருமகள் குனிந்து ரிப்பனுக்கு அடியில் நுழைந்து உள்ளே போய்க் கதவைத் தாழிட்டாள். தாழ்ப்பாள் சத்தம் ஒலிபெருக்கியையும் தாண்டிக் கேட்டது. கூட்டம் சிரித்தது. அவள் பின்னாலேயே பழக்கடைப் பெண் போனாள், பூக்கடைப் பெண் போனாள். அண்ணன் ஒரு கணம் நிறுத்தினார். பிறகு கத்தரிக்கோலை உயர்த்திப் பிடித்தபடி, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்.

நூலகர் அதற்கு மேல் அங்கே நிற்கவில்லை. நூலகத்துக்கு வந்து முகத்தைச் சோப்புப் போட்டுக் கழுவினாள். கசப்பு போகவில்லை, போகும் என்று அவள் எதிர்பார்க்கவும் இல்லை. சாக்பீஸை எடுத்துக்கொண்டு வாசல் பலகைக்குப் போய், அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கு எழுத ஆரம்பித்தாள்: 'கழிப்பறைக் கூரையில் குப்பை வீசுவது யார்? வந்து பேசுவோம்.'