மூன்றாம் கேள்விக்குத் தம்பி எழுதிய பதில்

அக்கா கதவைத் தட்டவில்லை. தள்ளிக்கொண்டு வகுப்பறைக்குள் வந்தாள். கரும்பலகையில் தம்பி இரண்டு கட்டங்கள் வரைந்திருந்தான். ஒன்றில், ‘வாய்ப்பைக் கண்டு தொழில் தொடங்கியோர்’. மற்றதில், ‘வேறு வழியின்றித் தொடங்கியோர்’. தொழில்முனைவுக் கோட்பாடுகளைக் கற்பிப்பவன் அவன். மருத்துவமனைகளுக்கு மெத்தை உறை தைப்பவள் அவள்.

“இதுல நான் எந்தக் கட்டம், சார்?”

அந்தச் ‘சார்’ அவன் கன்னத்தில் விழுந்தது.

“அக்கா, கிளாஸ் முடியட்டும்...”

“நாலு மணியோட விண்ணப்பம் முடியுதுடா!”

புதிய தொழில்களுக்கென ஒரு தையற்கூடத்தைக் கல்லூரி மூன்றாண்டுகளுக்கு வழங்குகிறது, வாய்ப்பைக் கண்டு தொடங்கியோருக்கு மட்டும். யார் எந்தக் கட்டம் என்பதை, நாற்பத்தொரு பேரைப் பற்றித் தம்பி செய்த ஆய்வைக் கொண்டே முடிவு செய்கிறார்கள். அவள் விண்ணப்பம் காலையில் திரும்பியது. அதோடு இணைத்திருந்த தம்பியின் ஆய்வு வினாத்தாளில் மூன்றாம் கேள்வி: ‘தொழில் தொடங்கக் காரணம்?’ பதில்: ‘கணவருக்கு வேலை போனது.’ அவள் அந்தத் தாளைக் கண்டதே இல்லை. ஆனால், ‘க’வின் வாலைத் தேவையின்றிச் சுழிக்கும் கை யாருடையது என்பது அவளுக்குத் தெரியும்.

“உங்க மாமாவுக்கு வேலை போனது, நான் மிஷின் வாங்கி ஏழு மாசம் கழிச்சு. அவருக்கு வேலை போச்சுன்னு நான் தைக்கல. நான் தைக்கிற தைரியத்துலதான் அவரு மேனேஜரோட மல்லுக்கு நின்னாரு!”

கடைசி வரிசையில் யாரோ சிரித்தார்கள். அவள் திரும்பிப் பார்த்ததும் சிரிப்பு அடங்கியது. பையிலிருந்த மெத்தை உறையை மேசைமேல் வீசினாள்.

“பன்னெண்டு வருஷம் ஆஸ்பத்திரித் துணிக் கிடங்குல இருந்தேன். எல்லா உறையும் மூலைத் தையல்லதான் கிழியும், ஈரம் உள்ள இறங்கும். நான் தையலை அடிப்பக்கத்துக்குக் கொண்டுபோனேன். வேலையை நானாவேதான் விட்டேன். இதுக்கு உன் புத்தகத்துல என்னடா பேரு?”

பெயர் இருந்தது. அரைமணி நேரமாக அவன் அதைத்தான் கற்பித்துக்கொண்டிருந்தான்.

“என்கிட்ட ஏன் கேக்கல?”

“உன்னைப் பத்தி எனக்குத் தெரியாதாக்கா? கூடப் பொறந்தவன்...”

“கூடவே இருக்கிற பல்லுதான் நாக்கைக் கடிக்குது.”

“ஆய்வு அச்சாயிடுச்சுக்கா. இப்போ ஒரு பதிலை மாத்தினா முடிவே ஆட்டம் காணும்.”

“ஒருத்தி வாயைத் திறந்ததுக்கே ஆட்டம் காணுதா? மத்த நாப்பது பேர்கிட்டயாவது கேட்டியா?”

அவன் மேசையிலிருந்த வினாத்தாள் கட்டை ஓரமாக நகர்த்தினான். முன்வரிசை மாணவி தன் குறிப்பேட்டை மூடினாள்.

அந்தக் கட்டிலிருந்து புதிய வினாத்தாள் ஒன்றை உருவிக்கொண்டு, அந்த மாணவியின் அருகே அமர்ந்து அக்கா எழுதினாள். மூன்றாம் கேள்விக்கு விட்டிருந்த ஒற்றை வரி போதவில்லை. பதில் ஓரத்தில் ஏறித் தாளின் பின்புறம்வரை போயிற்று. எழுதி முடித்து, ‘ஆய்வாளர் கையொப்பம்’ என்ற இடத்தில் விரலை ஊன்றினாள்.

“போடு.”

மாணவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பேனாவின் மூடியைக் கழற்றுவதற்கே அவனுக்கு நெடுநேரமாயிற்று. போட்டான்.

தாளையும் உறையையும் அவள் பையில் திணித்துக்கொண்டாள். வாசலில் நின்றாள்.

“மத்த நாப்பது பேர் வீட்டுக்கும் போ. கதவைத் தட்டிட்டுப் போ.”