இருண்ட மடிக்கணினியும் ஒரு சிவப்புச் சட்டையும்

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாளைக்கு வேறு யார் வாயாலோ நீங்கள் கேட்பதைவிட என் வாயால் கேட்பது குடும்பத்துக்கு மரியாதை. எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் ஒரு பழைய மடிக்கணினி திறக்காமல் போயிற்று. இனி இந்த வீட்டுக்குள் கால் வைக்கக்கூடாது என்று அந்த வீட்டுப் பெரியவர் யாரைச் சொல்லியிருந்தாரோ, அதைத் திறக்க அவரையே அழைக்க வேண்டி வந்தது. கதை அவ்வளவுதான். மற்றதெல்லாம் இதை எழுத நான் பட்ட பாடு.

‘எனக்குத் தெரிந்த ஒரு வீடு’ என்று எழுதியதை இப்போது திரும்பப் படித்தேன். மழுப்பல்தான். இருக்கட்டும். வீட்டு விஷயத்தை வெளியே சொல்கிறவன் ஜன்னலுக்கு ஒரு திரையாவது போட்டுவிட்டுத்தான் சொல்ல வேண்டும்.

இன்னொன்று. இதைக் கையால் எழுதுகிறேன். கணினியாக இருந்தால் நான் அழித்தது எதுவும் உங்கள் கண்ணில் பட்டிருக்காது. தாளில் அடித்தது அடித்தபடியே கிடக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

2

முதல் தொடக்கம்: ‘காலையில் பெரியவர் பொத்தானை அழுத்தினார். சின்ன விளக்கு எரிந்தது. உள்ளே காற்றாடி சுழன்றது. திரை மட்டும் கருப்பாகவே...’

[விட்டுவிட்டேன். பழுது பார்க்கும் கடைக்கு எழுதிக் கொடுத்த புகார் மாதிரி இருக்கிறது.]

இரண்டாவது தொடக்கம்: ‘கணினிக்கும் மனிதனுக்கும் முதுமை ஒன்றுதான். இரண்டும் விழித்தெழ நேரமாகும், இரண்டும் சூடாகும், இரண்டும்...’

[இதையும் விட்டேன். கிழவன் கிழட்டு எந்திரத்தைப் பார்த்துப் பெருமூச்சு விடுவதை எத்தனை பேர்தான் படிப்பார்கள்?]

மூன்றாவது தொடக்கத்தில் நேராக விஷயத்துக்கு வருகிறேன். பெரியவர் துறைமுக அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வுக்குப் பிறகு கதை எழுதத் தொடங்கினார். ஒரு தொகுப்புக்குக் காணும் அளவு சேர்ந்ததும் ஒரு பதிப்பாளர், மாதக் கடைசிக்குள் அனுப்பிவையுங்கள் என்றார். எல்லாக் கதைகளும் அந்த மடிக்கணினியில் இருந்தன. வேறு எங்கும் ஒரு வரிகூட இல்லை.

ஏன் இல்லை என்று நீங்கள் கேட்பீர்கள். மகளும் கேட்டாள். இணையத்தில் ஒரு நகல் போட்டு வையுங்கள் என்று அவள் தலைபாடாக அடித்துக்கொண்டபோது பெரியவர் சொன்ன பதில் இதுதான்:

“யாருன்னே தெரியாதவன் வீட்டு அலமாரியில நம்ம வீட்டுத் துணியைக் கொண்டுபோய் வைப்பியா?”

அந்த வாதத்தில் எனக்கு இன்றும் குற்றம் தெரியவில்லை.

3

கடைசிவரை எதையோ முதுகுக்குப் பின்னால் மறைத்துவைத்து ‘இதோ பார்’ என்று எடுத்துக் காட்டும் கதைகள் எனக்குப் பிடிக்காது. ஆகவே கணினி ஏன் திறக்கவில்லை என்பதை இப்போதே உடைத்துவிடுகிறேன். உங்களுக்குத் தெரியட்டும். பெரியவருக்குத்தான் தெரியாது.

மகளிடமும் அதே மாதிரி ஒரு மடிக்கணினி இருந்தது. அதே நிறம், அதே பருமன். ஒரு நாள் அவசரத்தில் அப்பாவுடையதைத் தூக்கிக்கொண்டு அலுவலகம் போய்விட்டாள். குடும்பத்தின் உள்விவகாரங்கள் எல்லாம் கதையாகப் படுத்திருந்த பெட்டி ஒரு பகல் முழுக்க அந்நியர் மேஜையில் இருந்தது. அவள் அதைத் திறக்கக்கூட இல்லை. ஆனாலும் பெரியவருக்கு மதியச் சோறு இறங்கவில்லை.

இனி இப்படி நடக்கக்கூடாது என்று அவர் ஒரு காரியம் செய்தார். அலுவலகத்தில் சட்டையில் அணிந்திருந்த பித்தளைப் பெயர்வில்லையைத் தேடி எடுத்தார். தாத்தா பெயர், அப்பா பெயர், தன் பெயர் மூன்றும் அதில் வரிசையாக நிற்கும். ஊசி குத்தினால் சட்டை ஓட்டையாகும் என்பதால் அதன் பின்புறம் காந்தம் வைத்திருப்பார்கள். அதைக் காந்தத்தோடு சேர்த்து, விசைப்பலகைக்கு இடப்பக்கம் மணிக்கட்டு படியும் இடத்தில், இரண்டு பக்கமும் ஒட்டும் நாடாவால் ஒட்டினார். மூடி முழுதாக மூடாமல் ஒரு நூல் தூக்கிக்கொண்டு நின்றது. பெயர் இருக்கும் இடத்தில் கொஞ்சம் தலை நிமிர்ந்துதான் இருக்கும் என்று விட்டுவிட்டார்.

மறுநாளிலிருந்து அது திறக்கவில்லை.*

* மூடி மூடியிருக்கிறதா என்பதை மடிக்கணினி கண்ணால் பார்ப்பதில்லை. மூடியில் ஒரு சின்னக் காந்தம் இருக்கும். அது அருகில் வந்தால் ‘மூடிவிட்டார்கள்’ என்று எண்ணித் தூங்கப் போய்விடும். பெரியவர் ஒட்டிய காந்தம், மூடிக் காந்தம் வந்து படியும் அதே இடத்தில் உட்கார்ந்திருந்தது. திறந்து வைத்துப் பொத்தானை அழுத்துகிறார். அதுவோ, மூடிவைத்துவிட்டு எழுப்புகிறாரே இந்த மனிதர் என்று மறுபடி கண்ணை மூடிக்கொள்கிறது.

4

வீட்டு வைத்தியம் தொடங்கியது. மகள் மின்கலத்தைக் கழற்றி மாட்டினாள். பொத்தானை விரல் நுனி வெளுக்கும்வரை அழுத்திப் பிடித்தாள். தன் சார்ஜரைச் செருகிப் பார்த்தாள். ஒவ்வொரு தடவையும் விளக்கு எரியும், காற்றாடி ஒரு மூச்சு சுழலும், பிறகு எல்லாம் ஓய்ந்து விளக்கு மட்டும் மெதுவாகக் கண்சிமிட்டும். பெரியவரின் மனைவி தள்ளி நின்று, “கண்ணடிக்குதுன்னா உயிர் இருக்குன்னு அர்த்தம்” என்று தைரியம் சொன்னார்.

பெரியவர் அதை ஒரு கடைக்குத் தானே தூக்கிப் போனார். கடைக்காரர் தலை நிமிராமல், வைத்துவிட்டுப் போங்கள் என்றார். கடவுச்சொல்லை ஒரு துண்டுத் தாளில் எழுதி மேலே ஒட்டிவிடுங்கள் என்றும் சொன்னார். அவருக்குப் பின்னால் அலமாரியில் பல வீடுகளின் மடிக்கணினிகள் கடவுச்சொற்களை நெற்றியில் ஒட்டிக்கொண்டு படுத்திருந்தன. பெரியவர் தன்னுடையதைத் தூக்கி அக்குளில் இடுக்கிக்கொண்டு திரும்பிவிட்டார்.

[இங்கே பெரியவரின் பதற்றத்தைப் பற்றி ஒரு பத்தி எழுதி அடித்துவிட்டேன். உங்களுக்கு ஒரே ஒரு செய்தி போதும். தொகுப்பில் கடைசிக் கதை, வீட்டை விட்டுப் போன ஒரு மாப்பிள்ளையைப் பற்றியது. அந்தக் கதையில் அவன் பொல்லாதவன்.]

5

இப்போது எனக்குச் சிக்கலான ஆள் வருகிறார். மாப்பிள்ளை. சரியாகச் சொன்னால், முன்னாள் மாப்பிள்ளை. அப்படி ஒரு உறவு நம் பேச்சில் இல்லை. மாமா, மச்சான், சம்பந்தி எல்லாருக்கும் சொல் இருக்கிறது. மகளை விட்டுப் பிரிந்தவரை எதிரே பார்த்தால் என்னவென்று கூப்பிடுவது? வீட்டில் பெரியவர் ‘அந்த ஆள்’ என்பார். மனைவி பழக்கதோஷத்தில் ‘மாப்பிள்ளை’ என்று ஆரம்பித்து, கணவரின் முகத்தைப் பார்த்துப் பாதியில் விழுங்கிக்கொள்வார்.

அவரை முதலில் பொல்லாதவராகத்தான் எழுதிப் பார்த்தேன். கறார்ப் பேச்சு, ஏளனச் சிரிப்பு. எழுத எழுதப் பொம்மையாகிக்கொண்டே வந்தார். பெரியவரின் கதையிலும் அவர் அப்படித்தான் இருந்திருக்க வேண்டும் என்று சந்தேகம் வந்தது. ஆகவே எனக்குத் தெரிந்ததை மட்டும் வைக்கிறேன். மருத்துவமனைகளில் ஸ்கேன் எந்திரங்களைப் பராமரிக்கிற பொறியாளர் அவர். மணமான நாளிலிருந்து பெரியவர் வீட்டில் எது நின்றுபோனாலும் ஓடவைத்தவர் அவர்தான்.

அவரைக் கூப்பிடலாம் என்று முதலில் வாய் திறந்தது மகள்.

“நான் கேட்கட்டுமாப்பா? போன வாரம்கூடப் பேசினேன்.”

“அந்த ஆளோட உனக்கு என்ன பேச்சு?”

“அவங்க அம்மாவுக்குக் கண் ஆபரேஷன். விசாரிக்க வேண்டாமா?”

பெரியவருக்கு இது புதுச் செய்தி. தன் வீட்டுக்குள்ளேயே தனக்குத் தெரியாமல் ஒரு போக்குவரத்து நடந்திருக்கிறது.

“நாங்க பிரிஞ்சோம்பா, அவ்வளவுதான்” என்றாள் மகள். “சண்டை போட்டுக்கிட்டு நிக்கிறது நீங்க மட்டும்தான்.”

 பெரியவர், வராதே என்று சொன்ன வாய்தான் வா என்றும் சொல்ல வேண்டும், அதை வேறு யாரும் சொல்லக்கூடாது என்று கைபேசியை எடுத்தார். முறை என்றால் முறை.

தொலைபேசிப் பேச்சை அப்படியே தரமுடியாது. தருவதற்கு அதில் அதிகம் இல்லை. இவர் ‘நான் பேசுறேன்’ என்றார். அவர் ‘சொல்லுங்க’ என்றார். இவர் மாப்பிள்ளை என்று சொல்லாமலும் அவர் மாமா என்று சொல்லாமலும், சேற்றுக்குள் கல் பார்த்துக் கால் வைப்பது போல வார்த்தை பார்த்துப் பேசினார்கள். ஞாயிற்றுக்கிழமை காலை வருகிறேன் என்றார் அவர்.

6

வந்தார். செருப்பைக் கழற்றி, எப்போதும் விடும் மூலையில் விடப்போய், ஒரு கணம் தயங்கி, வெளிப்பக்கமாக விட்டார். பெரியவர் அதைப் பார்த்தார்.

மேஜையில் மடிக்கணினி இருந்தது. மகளும் மனைவியும் சமையலறையில் தேநீர் போட்டுக்கொண்டிருந்தார்கள். வந்தவர் திருப்புளியை எடுக்கவில்லை. பொத்தானை அழுத்தவும் இல்லை. அவர் தொழிலில் காந்தம் வைத்த ஸ்கேன் அறைக்குள் போகிறவர் உடம்பில் என்ன உலோகம் இருக்கிறது என்று பார்ப்பதுதான் முதல் வேலை. கண் நேராகப் பித்தளை வில்லைக்குப் போயிற்று. நகத்தால் மெல்ல நெம்பி எடுத்தார். அடியில் காந்தம் இருந்தது. அதைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு பொத்தானை அழுத்தினார்.

விளக்கு எரிந்தது. காற்றாடி சுழன்றது. திரை வெளுத்தது.

பெரியவர் திரையைப் பார்க்கவில்லை. வந்தவர் கையிலிருந்த தன் பெயரைப் பார்த்துக்கொண்டிருந்தார். காரணம் விளங்கிவிட்டது. அதே சமயம் பெண்கள் தேநீரோடு வந்தார்கள்.

[இந்த இடத்தில் நான் பேனாவை மூடிவைத்துவிட்டு ஒரு நடை போய்வந்தேன். வந்தவர் இப்போது என்ன சொல்லப் போகிறார்? உண்மையைச் சொன்னால் வீடே ஒரு வருஷம் சொல்லிச் சிரிக்கும். சிரிக்கும் உரிமையும் அவருக்கு இருக்கிறது.]

“என்ன ஆச்சு? எப்படிச் சரியாச்சு?” என்றாள் மகள்.

“பழசு இல்லையா. உள்ளே ஒரு பிடிமானம் நழுவியிருந்துச்சு” என்றார் வந்தவர். சொல்லிக்கொண்டே மேஜைக்கு அடியில் பெயர்வில்லையைப் பெரியவரின் உள்ளங்கையில் வைத்தார். வெதுவெதுப்பாக இருந்தது.

அதோடு முடிந்திருந்தால் எனக்கும் வேலை மிச்சம். ஆனால் பெரியவர் கோப்புகளைத் தேடி அல்லாடக்கூடாது என்று, கணினி விழித்ததும் கடைசியாக எழுதிய பக்கம் தானாக வந்து நிற்கும்படி ஒருவர் அமைத்து வைத்திருந்தார். அமைத்தவர் இவரேதான். பக்கம் வந்து நின்றது.

‘பளபளக்கும் சிவப்புச் சட்டை போட்டுக்கொண்டு, சிரித்தபடியே படியிறங்கினான் மாப்பிள்ளை. அவனுக்கு இந்த வீடு ஒரு சத்திரம்.’

அவர் படித்தார். படிக்காமல் இருக்க முடியாத அளவுக்குப் பெரிய எழுத்து. பெரியவரின் பார்வைக்காக அதையும் அவர்தான் பெரிதாக்கியிருந்தார். மகள் தேநீர்க் கோப்பையை வைக்கக் குனிந்தபோது, வெளிச்சம் கூசுவது போலத் திரையைத் தன் பக்கமாகத் திருப்பிக்கொண்டார். பெண்கள் உள்ளே போனதும் தாழ்ந்த குரலில் சொன்னார்:

“சட்டை மட்டும் தப்பு. என்கிட்ட சிவப்புச் சட்டையே கிடையாது.”

“கதைதானே” என்றார் பெரியவர்.

“கதைன்னா சரி.”

சிரித்தபடி இறங்கியதைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. பெரியவர் காத்திருந்தார். சொல்லவே இல்லை. பையிலிருந்து ஒரு பென் டிரைவை எடுத்து, எல்லாவற்றுக்கும் ஒரு நகல் போட்டுத் தரட்டுமா என்று மட்டும் கேட்டார். இதை வெளியே எடுத்துப்போக மாட்டேன், உங்கள் அலமாரியிலேயே இருக்கட்டும் என்றார்.

“இந்தக் கதையையும் சேர்த்தா?”

பெரியவர் தலையசைத்தார். சேர்த்துத்தான்.

7

முடிவுக்கு வந்துவிட்டோம். என்னிடம் மூன்று இருக்கின்றன.

ஒன்று: பெரியவர் அந்தக் கதையை அழித்துவிடுகிறார். கௌரவமான முடிவு. ஆனால் அழிப்பது சுலபம். எனக்கு அதில் ருசியில்லை.

இரண்டு: மகளும் அவரும் தேநீர் குடித்துக்கொண்டே பழையபடி ஒருவரையொருவர் பார்க்கிறார்கள், பிறகு... [இல்லை. இதை எழுதினால் மகள் என்னைக் கொன்றுவிடுவாள். அவர்கள் வாழ்க்கையை அவர்கள் தீர்த்துக்கொண்டாயிற்று. பஞ்சாயத்து செய்யப் பெரியவருக்கும் உரிமையில்லை, எனக்கும் இல்லை.]

மூன்றாவது எனக்குப் பாதிதான் தெரியும். தெரிந்தவரை சொல்கிறேன்.

அவர் விடைபெற்றுக்கொண்டு வெளியே போனார். பெரியவர் திரை முன் உட்கார்ந்தார். ‘சிவப்பு’ என்ற சொல்லை அழித்தார். அந்த இடத்தில் என்ன நிறம் எழுதுவது? யோசித்துப் பார்த்தார். அவர் வீட்டை விட்டுப் போன அன்று, தான் அவர் முகத்தையே பார்க்கவில்லை என்பது நினைவுக்கு வந்தது. முகத்தைப் பார்க்காதவருக்குச் சட்டை எங்கே தெரியும்? சிரித்தாரா இல்லையா என்பதுதான் எங்கே தெரியும்? அன்று அந்தப் படியில் இறங்கியவர் எப்படி இறங்கினார் என்பதைச் சொல்லக்கூடியவர் ஒரே ஒருவர். அவர் வாசலைத் தாண்டிக்கொண்டிருந்தார்.

பதிப்பாளருக்கு மாதக் கடைசிக்குள் கதை போக வேண்டும். பெரியவர் எழுந்தார். வேட்டியை இறுக்கிக்கொண்டு விரைந்து நடந்தார். வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு, தெருவைக் கடக்கப் போகிறவரின் முதுகைப் பார்த்துக் கூப்பிட்டார்.

‘...............’ என்று.

என்னவென்று கூப்பிட்டார் என்பதை ஐந்து தாள்களில் எழுதிப் பார்த்துவிட்டேன். பழைய சொல்லைப் போட்டால் பொய்யாகிறது. பெயரைப் போட்டால் வயது இடிக்கிறது. ‘தம்பி’ என்று போட்டுப் பார்த்தேன். மனைவி படித்துவிட்டு, கண்டக்டரைக் கூப்பிடுகிற மாதிரி இருக்கிறது என்றார். உங்கள் வீட்டில் இப்படி ஒருவர் இருந்தால் என்னவென்று கூப்பிடுவீர்களோ, அதை அந்தப் புள்ளிகளின் மேல் எழுதிக்கொள்ளுங்கள். எந்தச் சொல்லாக இருந்தாலும் எனக்குச் சம்மதம்.

அடுத்த வரியில் மட்டும் கை வைக்காதீர்கள். அதை நான் அடித்துத் திருத்தாமல் ஒரே தடவையில் எழுதினேன்:

அவர் திரும்பிப் பார்த்தார்.