காமுவின் வெள்ளி டம்ளர்

மார்கழிப் பனியில் கல்கத்தாவின் கிடர்பூர்த் தெருக்கள் தரையில் நிற்பதில்லை, லேசாக மிதக்கும். அன்று காலை துறைமுகத்தில் ஒரு கப்பல் ஊதியதும், எதிர்வீடு புறப்பட்டுவிடுமோ என்று நான் ஒதுங்கி வழிவிட்டேன்.

எங்கள் கல்லூரியின் பொருளாதாரப் பேராசிரியர் சக்கரவர்த்திக்கு ஓர் ஆசை: சொற்பச் சம்பளக் குடும்பங்களின் கடனை அளந்துவிட வேண்டும். தமிழ்க் குமாஸ்தாக்களை அளக்கத் தமிழன்தான் சரி என்று என்னை அனுப்பினார். அவர் அனுப்பிய கிடர்பூர்ச் சந்தில் இருந்த தமிழர்கள் எல்லோரும் ஒரே கப்பல் கம்பெனியில் வேலை பார்த்தார்கள். கம்பெனியும் பெருந்தன்மையாக அனுமதி கொடுத்தது. ஒரே நிபந்தனை: நான் நிரப்பும் தாள்கள் பெரிய கிளார்க்கின் மேஜை வழியாகத்தான் கல்லூரிக்குப் போக வேண்டும். கடன்பட்டவனுக்கு அங்கே வேலை கிடையாது என்பது பழைய விதி. இதைவிடச் சிறந்த ஆராய்ச்சி முறை இருக்க முடியாது என்று பேராசிரியர் சொன்னார். நானும் ஆமோதித்தேன்.

முதல் வீடு அனந்தலக்ஷ்மி மாமியுடையது.

"கடனா? ஒரு தம்படி கிடையாது. மொதல்ல காபி சாப்பிடுங்கோ."

காபி வெள்ளி டம்ளரில் வந்தது. அண்ணாந்து ஊற்றிக்கொண்டபோது, விளிம்புக்குக் கீழே வெட்டியிருந்த பெயர் என் கண்ணுக்கு நேரே வந்தது: காமு. மாமியின் செல்லப்பெயராக இருக்கலாம் என்று நினைத்தேன்.

அடுத்த வீட்டில் நடராஜன். "எங்க வம்சத்துலயே கடன் கிடையாது, சார். பெரிசா எழுதிக்கோங்கோ, பெரிய கிளார்க்குக்குக் கண் மங்கல்."

பெரிசாக எழுதினேன். காபி வந்தது. அண்ணாந்தேன். காமு.

அதற்கடுத்த வீட்டில் காபி ஊற்றுவதற்கு முன்பே டம்ளர் சூடாக இருந்தது. அதன் பிறகு நான் நடந்ததாகவே நினைவில்லை. நான் ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்க, வீடுகள்தான் பனிக்குள்ளிருந்து ஒவ்வொன்றாக வந்து, காபி கொடுத்து, கடன் இல்லை என்று சொல்லிவிட்டு மிதந்து போயின. ஒவ்வொன்றிலும் காமு வெள்ளியாய் மினுங்கினாள்.

கடைசியில் வந்தது மஹாதேவன் வீடு. அவர் கோட்டை மாட்டிக்கொண்டு, ஆபீஸுக்குக் கிளம்பாமல் சுவரோரம் நின்றுகொண்டிருந்தார்.

"காபி இதோ இறங்கிண்டிருக்கு" என்றாள் அவர் மனைவி. சொல்லிவிட்டு இரண்டு முறை பின்கட்டு ஜன்னலைப் பார்த்தாள்.

"அவசரமில்லை, மாமி. உங்க பேர்?"

"காமு."

ஜன்னலுக்கு வெளியே அனந்தலக்ஷ்மி மாமியின் குரல் கேட்டது. "காமு, பிடிடி! கை பொசுங்கறது. அந்தக் காலேஜ் பிள்ளை ஒட்டகமாட்டம் குடிக்கறான்!"

யாரும் அசையவில்லை. வெள்ளி டம்ளர் பிடித்த ஒரு கை மட்டும் ஜன்னல் கம்பிக்குள் நுழைந்து காத்திருந்தது.

"டம்ளர் எல்லார் ஆத்துலயும் ரொம்ப நன்னா இருந்தது, மாமி" என்றேன்.

காமு அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். "என் கல்யாணத்துக்கு அப்பா கொடுத்தது. ஆவணியிலேருந்து அடகுல இருக்கு. இங்க கடன் இல்லாத குடும்பமே கிடையாது. பெரிய கிளார்க் இதைத் தாள்ல பார்த்தா எல்லாருக்கும் வேலை போயிடும். மொதல்ல இவருக்குத்தான்."

"அடகுல இருந்தா இங்கே எப்படி வந்தது?"

"அடகுக்கடை ஹல்தார் பாபுவே மத்தியானம் வரைக்கும் கொடுத்திருக்கார்" என்றார் மஹாதேவன். "எங்களுக்கு வேலை போனா வட்டி வராதோன்னோ, அவருக்கும் பயம்."

நான் பென்சிலை எடுத்தேன். அது ஓடும் திசையை இருவரும் மூச்சு விடாமல் பார்த்தார்கள். கடன்: இல்லை. வெள்ளிப் பாத்திரம்: உண்டு.

மஹாதேவன் கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டார். மூன்று பொத்தான்களும் தவறான துளைகளில். அப்படியே ஆபீஸுக்கு ஓடினார்.

காமு டம்ளரைத் தேய்த்து, முந்தானையால் துடைத்து, வாசலுக்குக் கொண்டு வந்தாள். அங்கே காதை மூடிச் சால்வை சுற்றிய ஒரு கிழவர் உட்கார்ந்திருந்தார். ஹல்தார் பாபு. டம்ளரை வாங்கிச் சால்வைக்குள் வைத்துக்கொண்டு, கணக்கு எப்படி முடிந்தது என்று வங்க மொழியில் கேட்டார்.

"இந்தச் சந்தில் யாருக்கும் கடனே இல்லை, பாபு."

அவர் தலையாட்டினார். வீடுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பனிக்குள் கொஞ்ச தூரம் நடந்துவிட்டுத் திரும்பி வந்தார்.

"அப்படியானால் என் பணமெல்லாம் யாரிடம் இருக்கிறது, தம்பி?"

அந்தக் கேள்விக்கு என் தாளில் இடமில்லை.