இடது கன்னம்

வலது கன்னம் ஈரத்தில் வழுவழுவென்று மின்னுகிறது, இடது கன்னம் இன்னும் நுரைக்குள் இருக்கிறது, ரசம் போன குளியலறைக் கண்ணாடியில் பாதி முகம் எனக்குத் தெரிந்த ஆளாகவும் மீதிப் பாதி வெள்ளையடிக்க வந்தவன் பாதியில் விட்டுப் போன சுவராகவும் நிற்கிறது, தாடைக்குக் கீழே நுரையின் ஓரத்தில் ஒரு சிவப்புப் புள்ளி எட்டிப் பார்க்கிறது, பார்த்துக்கொண்டிருக்கும்போதே கழுத்துக்கு இறங்குகிறது, நான் ரேசரை வாஷ்பேசின் விளிம்பில் வைக்கிறேன், வைத்த பிறகும் அது டக் டக்கென்று பீங்கானில் தட்டிக்கொண்டேயிருக்கிறது, அப்புறம்தான் தெரிகிறது, நான் அதை இன்னும் விடவில்லை, தட்டுவது என் கை. வெளியே மாதம்மா கதவைத் தட்டுகிறாள், என்னாங்க, எவ்ளோ நேரமா உள்ளாறயே இருக்கறீங்க, லீவு நாள்ல அப்படி என்னா சேவிங்கு, நான் குழாயை முழுக்கத் திறந்துவிடுகிறேன், கட்டிய மனைவிக்குப் பயந்து தண்ணீர்ச் சத்தத்துக்குள் ஒளிந்துகொள்கிறேன், சொந்த வீட்டுக் குளியலறையில் திருடன் மாதிரி நிற்கிறேன், வெட்கமாக இருக்கிறது.

குழாய்ச் சத்தம் என்றாலே எனக்குக் கம்பெனிதான், ஓசூரில் பிளேடு கம்பெனி, அங்கே பிளேடு செய்கிற வேலை எனக்கில்லை, பிளேடு எப்படி இருக்கிறது என்று சொல்கிற வேலை, காலையில் சோதனைக் கூடத்தில் வரிசையாக வாஷ்பேசின்கள், வரிசையாகக் கண்ணாடிகள், வரிசையாக நாங்கள், முந்தின நாளிலிருந்து வளர்ந்த முடியோடு போய் நிற்போம், ஆளுக்கு இரண்டு ரேசர், ஒன்றின் கைப்பிடியில் சிவப்பு நூல், இன்னொன்றில் வெள்ளை நூல், உள்ளே எந்த பிளேடு என்று சொல்ல மாட்டார்கள், எங்களுடையதாக இருக்கலாம், போட்டிக் கம்பெனிக்காரனுடையதாகவும் இருக்கலாம், சிவப்பு நூல் இன்றைக்கு இடது கன்னத்துக்கு என்றால் நாளைக்கு வலது கன்னத்துக்கு, வழித்து, கழுவி, துடைத்து, ஓரத்தில் இருக்கும் சின்ன ஜன்னலுக்குப் போய் வாயால் சொல்ல வேண்டும், இழுத்ததா, எரிந்ததா, வெட்டியதா, பத்துக்கு எவ்வளவு. நான் சொன்னால் அதற்கு மேல் பேச்சில்லை என்று ஒரு காலம் இருந்தது, நல்ல பிளேடு வறுத்த ரவையைக் காகிதத்தில் கொட்டுகிற மாதிரி சன்னமாகச் சத்தம் போடும், மழுங்கியது சத்தமே போடாது, முடியைப் பிடித்து இழுக்கும், கண்ணில் தண்ணீர் வரும், சில பிளேடு புதுச் செருப்பு மாதிரி முதல் நாள் கடித்துவிட்டு மறுநாள் பழகிவிடும், அதை முதல் நாளே கண்டுபிடித்துச் சொல்வேன், பக்கத்து வாஷ்பேசின் திம்மராயன் சொல்வான், உன் மூஞ்சிய கம்பெனி இன்சூரன்ஸ் பண்ணி வெக்கணும்பா, உன் பொண்டாட்டிக்குக்கூட அதுல பங்கு கிடையாது. புதிதாக வருகிறவர்களுக்கு நான்தான் சொல்லிக்கொடுப்பேன், ரேசரோட எடைதான் வெட்டணும், கை அழுத்தக் கூடாது, அழுத்துனா அது சவரம் இல்ல, சண்டை. அந்த வாயைக் கொண்டுபோய் இப்போது எங்கே வைத்துக்கொள்வது.

சத்தம் என்றால் இன்னொரு சத்தமும் இருக்கிறது, கண்ணாடி டம்ளருக்குள் பழைய பிளேடை வைத்து விரலால் அழுத்தித் தேய்க்கும் சத்தம், க்ரீச் க்ரீச்சென்று, அப்பா தேய்க்கிறார், கொஞ்சம் தண்ணீர் விட்டு டம்ளரின் உள்சுவரில் தேய்த்தால் பிளேடுக்கு மறுபடியும் சாணை ஏறும் என்பார், தர்மபுரி பஸ் டிப்போவில் டைம் கீப்பராக இருந்தவர், தோளில் எப்போதும் ஒரு துண்டு, வலது கை எப்போதும் அந்தத் துண்டின் நுனிக்குள், அது அவருடைய தோரணை என்றே நான் வளர்ந்தேன். என் கல்யாணத்தன்று மணமேடைக்குப் பக்கத்தில் வந்து நிற்கிறார், முகமெல்லாம் வெட்டு, ஒவ்வொரு வெட்டின் மேலும் செய்தித்தாளைக் கிள்ளி ஒட்டியிருக்கிறார், தாடையில் ஒட்டியிருந்த துண்டில் ஏதோ விளம்பரத்தின் பாதி எழுத்துகூடத் தெரிகிறது, பெண் வீட்டுக்காரர்கள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரிக்கிறார்கள், எனக்கு மாலைக்குள் முகத்தைப் புதைத்துக்கொள்ளலாம் போல இருக்கிறது, ஏன்பா, இன்னைக்கி ஒரு நாளாவது சலூனுக்குப் போயிருக்கலாமில்ல என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்கிறேன், அவர் மேடையைப் பார்க்காமல் பந்தல் காலைப் பார்த்துக்கொண்டு சொல்கிறார், பிளேடு சரியில்லடா. நான் அப்போதுதான் கம்பெனியில் சேர்ந்திருந்தேன், அவர் சொன்னதை அப்படியே எடுத்துக்கொண்டேன், வேறு எப்படி எடுத்துக்கொள்வது, பிளேடு சரியில்லை என்றால் சரியான பிளேடைக் கண்டுபிடித்தால் போச்சு, அதற்காகத்தான் சோதனைக் கூடத்துக்குப் போகிறேன் என்று கேட்டு வாங்கிக்கொண்டு போனேன், வெட்டாத பிளேடு ஒன்று எங்கேயோ இருக்கிறது, அதை அப்பாவுக்குக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். ஊருக்குப் போகும்போதெல்லாம் ஒன்று கொண்டுபோவேன், அவரும் மறுக்காமல் வாங்கிக்கொள்வார், அடுத்த தடவை போகும்போது தாடையில் காகிதத் துண்டு இருக்கும், இதுவும் சரியில்லடா என்பார். அம்மா போன பிறகு அவரை ஓசூருக்கு எங்களோடு கூட்டிக்கொண்டு வந்தோம், அப்போதும் கொண்டுவந்து கொடுத்துக்கொண்டேயிருந்தேன், ஒரு சாயங்காலம் வேலை முடிந்து வருகிறேன், அப்பா வாசல் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார், முகத்தில் ஒரு கீறல் இல்லை, காகிதம் இல்லை, பச்சைக் குழந்தையின் கன்னம் மாதிரி இருக்கிறது, என்னைப் பார்க்காமல் தெருவைப் பார்த்துக்கொண்டு சொல்கிறார், இந்த பிளேடு நல்லாருக்குடா.

என் வாழ்க்கையில் நான் ஜெயித்தது அந்த ஒரு நாள்தான், அதன் பிறகு கடைசிவரை அவர் முகத்தில் வெட்டு விழவேயில்லை, படுக்கையில் கிடத்தி மாலை போட்டபோதுகூட மொழுமொழுவென்று இருந்தது, பார்க்க வந்தவர்களெல்லாம் தூங்குகிற மாதிரி இருக்கிறாரே என்றார்கள், நான் அந்தத் துக்கத்திலும் உள்ளுக்குள் கொஞ்சம் நிமிர்ந்து நின்றேன், அந்த பிளேடு சோதனைக்கு வந்தபோது கன்னத்தாலேயே கண்டுபிடித்து ஜன்னலில் பத்துக்குப் பத்து சொன்னேன், அப்படி யாரும் சொன்னதில்லை, திம்மராயன்கூட, உங்கப்பா மூஞ்சிக்கே ஒத்துக்கிச்சுன்னா உலகத்துக்கே ஒத்துக்கும்பா என்றான். இப்போது எனக்கு வெட்டு விழுகிறது. முதலில் தாடைக்குக் கீழே, அப்புறம் காதோரம், நான் ஜன்னலில் போய், மோசம், வெட்டுது, பத்துக்கு மூணு என்கிறேன், வீட்டுக்கு வந்து மாதம்மாவிடம், இப்ப வர்ற ஸ்டீலு ஒண்ணுஞ் சரியில்ல என்கிறேன், அவள் தையல் மெஷினிலிருந்து நிமிராமல், ஆமாங்க, என்னா ஸ்டீலோ, நீங்க கொண்டாந்து போடுற பழைய பிளேடுலதான தையல் பிரிக்கிறேன், எனக்கே தெரியுதே என்கிறாள், நான் பொய் சொன்னேனா என்றால் அதுவும் இல்லை, பாதி நம்பினேன், கை கொஞ்சம் ஆடுகிறது, டீ டம்ளர் கொஞ்சம் தளும்புகிறது, அதற்கும் வெட்டுக்கும் என்ன சம்பந்தம், ஆடாமல் இருக்கக் கொஞ்சம் அழுத்திப் பிடிக்கிறேன், அவ்வளவுதான். வரிசையில் கடைசி வாஷ்பேசின் என்னுடையது, வலது பக்கம் சுவர், வலது கன்னத்தை வழிக்கும்போது முழங்கையைச் சுவரில் முட்டுக்கொடுத்துக்கொள்ளலாம், இடது கன்னத்துக்குக் கை முகத்தைத் தாண்டிப் போக வேண்டும், அந்தரத்தில், அங்கே முட்டுக்கொடுக்க ஒன்றும் இல்லை.

நேற்று ஜன்னலுக்குப் போகிறேன், உள்ளே இவாஞ்சலின் மேடம், சோதனைக் கூடத்தைப் பார்த்துக்கொள்கிற இஞ்சினியர், என் மகள் வயசுதான் இருக்கும், சொல்லுங்க சார் என்கிறார், சிவப்பு நூல் வெட்டுது மேடம், இழுக்குது, பத்துக்கு மூணுகூட ஜாஸ்தி, வெள்ளை நூல் அருமை, எட்டு போடலாம் என்று பெரிய நாட்டாமை மாதிரி தீர்ப்புச் சொல்கிறேன், மேடம் என் தாடையையே பார்க்கிறார், நான் துண்டால் ஒற்றிக்கொள்கிறேன், ஜன்னல் கதவைப் பாதி சாத்திவிட்டுக் குரலைத் தணித்துக்கொண்டு சொல்கிறார், சார், தப்பா நெனைக்காதீங்க, இன்னிக்கு ரெண்டு ரேசர்லயும் ஒரே பிளேடுதான், ஒரே பாக்கெட்ல அடுத்தடுத்து எடுத்துப் போட்டேன், இல்ல மேடம், பாக்கெட்டுக்குள்ளயே வித்தியாசம் வரும் என்று உளறுகிறேன், வரும் சார், ஆனா நேத்து நூலை மாத்தினேன், முந்தாநாளும் மாத்தினேன், எந்த நூல் இடது பக்கம் வந்தாலும் அதத்தான் வெட்டுதுங்கறீங்க, நீங்க பிளேடைக் குறை சொல்லல சார், உங்க இடது கன்னத்தத்தான் குறை சொல்லிட்டிருக்கீங்க, டாக்டரைப் பாருங்க, நாளைக்கு லீவு, திங்கக்கிழமையிலேர்ந்து பாக்கிங்ல உக்காந்து பாக்குற வேலை வாங்கித் தர்றேன், நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். திட்டியிருந்தால்கூட நிமிர்ந்து நின்றிருப்பேன், யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று அந்தப் பெண் சொன்னதும்தான் கூனிப்போனேன், திரும்பினால் திம்மராயன் எனக்குப் பின்னால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிற்கிறான், எல்லாம் கேட்டிருக்கிறான், ஊரில் உள்ளதையெல்லாம் கேலி செய்கிறவன் ஒரு வார்த்தை பேசாமல் எனக்கு வழிவிட்டு ஒதுங்கினான், அதுதான் என்னால் தாங்க முடியவில்லை.

தண்ணீர் நின்றுவிட்டது, தொட்டி காலி, மறைவதற்கு இனிச் சத்தமும் இல்லை, கதவுக்கு அந்தப் பக்கம் மாதம்மா சொல்கிறாள், என்னாங்க, தாப்பாளைத் திறங்க, நான், வந்துர்றேன்டி, ஒரு பக்கம் இருக்குது, பிளேடு சரியில்ல என்கிறேன், சொன்ன குரல் யாருடையது என்று எனக்கே திக்கென்கிறது, பந்தல் காலைப் பார்த்துக்கொண்டு நின்ற ஆளின் குரல். திறக்கிறேன். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை, நேராகக் கையைப் பார்க்கிறாள், நான் துண்டுக்குள் இழுத்துக்கொள்வதற்குள் ரேசரை வாங்கிவிட்டாள், பின்கட்டில் துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் முக்காலியைப் போட்டு உட்கார வைக்கிறாள், உனக்கு எப்பத் தெரியும் என்கிறேன், சட்டைக் காலர் தொவைக்கறது யாரு, நானா நீங்களா, பொங்கலுக்கு முன்னாடியே தெரியும், பிளேடு சரியில்லன்னு நீங்க சொல்றப்பல்லாம் ஆமா போட்டேன்ல, அப்புறம் ஏன்டி சொல்லல என்கிறேன், எப்படிச் சொல்றது, மாமாவும் இப்படித்தான சொல்லிட்டிருந்தாரு என்று சொல்லிக்கொண்டே இரண்டு விரலால் என் தோலை இழுத்துப் பிடித்து ரேசரை வைக்கிறாள், அழுத்தவில்லை, எடைதான் இறங்குகிறது, ரவை கொட்டுகிற சத்தம் கேட்கிறது, இது முதல் தடவை ரேசர் பிடிக்கிற கை இல்லை.

மாதம்மா, அப்பாவுக்கு நீயா பண்ணிவிட்ட என்று கேட்கிறேன், அவள் கை நிற்கவில்லை, நீங்க வேலைக்குப் போனப்புறம், இதே கல்லுகிட்டதான், மருமக கையால சவரமான்னு மொதல்ல கூசிப்போயி கண்ண இறுக்க மூடிக்கிட்டு உக்காந்திருப்பாரு, அவன்கிட்ட சொல்லாதம்மா, அவன் பிளேடு கொண்டாந்து குடுக்கறதுலதான் சந்தோசமா இருக்கான், அது அப்படியே இருக்கட்டும்னாரு, அதான் சொல்லல. அந்தப் பத்துக்குப் பத்து ஞாபகம் வருகிறது, துக்க வீட்டில் நிமிர்ந்து நின்றது ஞாபகம் வருகிறது, பிளேடுக்குப் போட்ட மார்க்கெல்லாம் யாருக்குப் போட்டது, உலகத்துப் பிளேடையெல்லாம் கன்னத்தால் கண்டுபிடிக்கிறவனுக்கு அப்பாவின் துண்டுக்குள் இருந்தது தெரியவில்லை, வெட்கத்தில் எனக்கும் கண் தானாக மூடிக்கொள்கிறது, மூடினால் அப்பா உட்கார்ந்த மாதிரியே உட்கார்ந்திருக்கிறேன், இதே கல், இதே வெயில், வலது கை இதே மாதிரி துண்டுக்குள், முகத்தில் பாதி முடிந்திருக்கிறது, மீதிப் பாதி நுரைக்குள் இருக்கிறது, இழுக்குதாங்க என்று மாதம்மா கேட்கிறாள், மூன்றா எட்டா என்று வாய் தேடுகிறது, கிடைக்கவில்லை, நல்லாருக்கு, இந்த பிளேடு நல்லாருக்கு என்கிறேன், அவள் சிரிக்கிறாள் என்று மூச்சுக்காற்றில் தெரிகிறது, அப்படியே உங்கப்பா, சரி, கையை வெளிய எடுங்க, துண்டு வேணும், ரத்தத்தத் துடைக்கணும். நான் கண்ணைத் திறந்து கையை வெளியே எடுத்து, அவள் பார்க்கிற மாதிரியே, முழங்கால் மேல் வைக்கிறேன், அது ஆடிக்கொண்டிருக்கிறது, அவள் துடைத்துவிட்டு மீதி நுரையை வழிக்கிறாள்.