சாமியிடம் கேட்ட மூன்றாவது கேள்வி

1

இதை நான் கதையாக எழுத நினைக்கவே இல்லை. பள்ளி ஆண்டு மலருக்கு இரண்டு பக்கம் கேட்டார்கள். 'பெற்றோரும் கோயிலும் இணைந்து விளையாட்டு மைதானத்தை மேம்படுத்திய வரலாறு' என்று தலைப்பையும் அவர்களே கொடுத்துவிட்டார்கள். சான்சோங் பேட்டையில் எங்கள் தொடக்கப்பள்ளிப் பெற்றோர் சங்கத்துக்கு நான் செயலாளர். வீட்டில் உட்கார்ந்து எழுதுகிறவள்தானே, நேரம் இருக்கும் என்று என் தலையில் கட்டிய பதவி. புத்தக அட்டையில் எனக்கு ஒரு பெயர் உண்டு. பள்ளி வாசலில் நான் போ-யென் அம்மா, அவ்வளவுதான்.

நடந்ததை நடந்தபடி எழுதிக் கொடுத்தேன். தலைமையாசிரியர் பாங் படித்துப் பார்த்தார். நன்றாக வந்திருக்கிறது, அந்த மூன்றாவது கேள்வியை மட்டும் எடுத்துவிடலாமா என்று கேட்டார். அதை எடுத்தால் மிச்சம் இருப்பது ஒரு கும்பிடும் நன்றியுரையும்தான். முடியாது என்று சொல்லிவிட்டுத் தாள்களை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். ஆகவே இது இப்போது கதை. கதை என்று சொல்லிவிட்டால் யாரும் என்னைக் கூப்பிட்டு விசாரிக்க முடியாது பாருங்கள்.

2

தொடக்கங்கள். எல்லாவற்றையும் காட்டிவிடுகிறேன், ஒளிக்க என்ன இருக்கிறது?

'காலை வெயில் அந்தச் சின்ன மைதானத்தின் மேல் பொன்னை…' வேண்டாம். புதுக் கட்டடம் எழும்பியதிலிருந்து அங்கே வெயில் விழுவதே இல்லை.

'குழந்தைகள் என்பவர்கள் மலர்…' சீச்சீ.

'சறுக்குமரத்துக்கு வரிசையில் நிற்கிற பிள்ளை ஏணியைத் தொடுவதற்குள் மணி அடித்துவிடும்.'

இது உண்மை. இதையே வைத்துக்கொள்வோம்.

மைதானத்தில் பாதியைக் கட்டடம் தின்றுவிட்டது. பிள்ளைகளின் எண்ணிக்கையோ வருஷா வருஷம் ஏறிக்கொண்டே போனது. பெரிய இடைவேளை என்பது இருபது நிமிஷம். அந்த இருபது நிமிஷமும் மீன் சந்தை மாதிரி நெரிசல். பெற்றோர் சங்கம் சும்மா இருக்கவில்லை. தரையில் கோடு போட்டோம், பாண்டி ஆடக் கட்டம் வரைந்தோம். பச்சை மேலங்கி மாட்டிக்கொண்டு நான்கு மூலையிலும் நின்று 'நடந்து போ, நடந்து போ' என்று கத்தினோம். இல்லாத இடத்தில் எத்தனை கோடு போட்டால் என்ன? ஒரு நாள் இரண்டு பிள்ளைகள் முட்டிக்கொண்டு ஒருவனுக்கு முன்பல் போனது. மறுநாளே புது விதி வந்தது: ஒன்றாம் வகுப்பும் இரண்டாம் வகுப்பும் இனி இடைவேளையில் வெளியே வரக் கூடாது, தாழ்வாரத்தில் உட்கார்ந்து 'அமைதியாக விளையாட' வேண்டும்.

ஏழு வயதுப் பிள்ளையை உட்கார்ந்து விளையாடச் சொன்னவர் யாராயிருந்தாலும், அவர் ஒரு பிள்ளையைக்கூடக் கிட்டத்தில் பார்த்ததில்லை. இதைக் கோபத்தோடுதான் எழுதுகிறேன். திருத்த மாட்டேன்.

3

இனி கதாநாயகி.

ரூய்-ஆன் அம்மா தெருமுக்கில் காலைப் பலகாரக் கடை வைத்திருக்கிறாள். முட்டைச் சுருள், முள்ளங்கிப் பலகாரம், சோயாப்பால். கல்லுக்கு முன்னால் நின்று நாள் முழுக்கக் கத்திக் கத்தி அவள் குரல் தாழ்வதையே மறந்துவிட்டது. அவள் மகள் ரூய்-ஆன் இரண்டாம் வகுப்பு. அந்தப் பெண்ணுக்கு நடக்கவே வராது. கழிப்பறைக்குப் போனாலும் ஓட்டம், தண்ணீர் குடிக்கப் போனாலும் ஓட்டம். புது விதி வந்த பிறகு அவள் தாழ்வாரத்தில் ஓடினாள். ஆசிரியை தினமும் வீட்டுக்குக் குறிப்பு அனுப்பினார்: இன்றும் ஓடினாள். ரூய்-ஆன் அம்மா கையெழுத்துப் போட்டு அடியில் எழுதி அனுப்புவாள்: நல்லது.

[இந்த இடத்தில் எனக்கு ஒரு சந்தேகம். இவள் இவ்வளவு துணிச்சல்காரியாக இருந்தால் வாசகர் நம்புவாரா? கொஞ்சம் பயத்தைச் சேர்க்கலாமா? சேர்த்துப் பார்த்தேன். 'அவள் கைகள் லேசாக நடுங்…' அடித்துவிட்டேன். அவள் கை எதற்கும் நடுங்கி நான் பார்த்ததில்லை.]

பிறகு அந்தக் குறிப்பு வருவது நின்றுவிட்டது. ரூய்-ஆன் ஓடுவதை விட்டுவிட்டாள். இடைவேளையில் மேஜை மேல் தலை வைத்துப் படுத்துக்கொள்கிறாளாம், நல்ல பிள்ளையாகிவிட்டாளாம். ஆசிரியை சந்தோஷமாகத்தான் சொன்னார். அன்றைக்குச் சாயங்காலம் ரூய்-ஆன் அம்மா சங்கக் கூட்டத்துக்கு வந்து உட்கார்ந்தாள். அதற்கு முன்னால் ஒரு கூட்டத்துக்கும் அவள் வந்தது கிடையாது.

"எம் பொண்ணு படுத்துட்டா. இந்த வருஷம் முடியறதுக்குள்ள அவ எந்திரிச்சு ஓடணும். அதுக்கு என்ன வழின்னு சொல்லுங்க. கோடு போடற கதையெல்லாம் வேணாம்."

வழி மதிலுக்கு அந்தப் பக்கம் இருந்தது. பள்ளியை ஒட்டி மண்சாமி கோயில். கோயில் முற்றம் எங்கள் மைதானத்தைவிடப் பெரியது. சாமிக்கு நேர் எதிரே கூத்து மேடை. நடுவில் ஒரு சின்ன இரும்புக் கதவைத் திறந்தால் போதும். காவலுக்கு நாங்கள் முறை வைத்து நிற்போம், தரையைச் சரிசெய்து தருவோம், மேடைப் படிக்குக் கைப்பிடி போட்டுத் தருவோம் என்று கூட்டத்தில் எல்லோரும் ஆளுக்கொன்று ஒப்புக்கொண்டார்கள். முற்றம் முழுக்க மாச வாடகைக்குக் கார்கள் நின்றன. அதைப் பற்றி அன்று யாரும் பேசவில்லை.

4

கோயில் கமிட்டித் தலைவர் வெங் என்பவரை வில்லனாக்கிவிட்டால் எனக்கு வேலை சுலபம். வெற்றிலை போட்டுச் சிவந்த வாய், தங்கச் சங்கிலி, எல்லாம் தயாராகவே இருக்கிறது. ஆனால் அந்த மனிதர் கார் வாடகைப் பணத்தில்தான் வருஷா வருஷம் சாமிக்கு மூன்று நாள் கூத்து நடத்துகிறார். மழை ஒழுகும் கூரைக்கு அவரே ஏறி ஓடு மாற்றுகிறார். நல்லவரா கெட்டவரா என்று என்னைக் கேட்காதீர்கள். அவருக்கு முடியாது என்று சொல்லவும் மனசில்லை, சரி என்று சொல்லவும் மனசில்லை. அப்படிப்பட்டவர்கள் எங்கள் ஊரில் என்ன செய்வார்களோ அதையே செய்தார். சாமியைக் கேளுங்கள் என்றார்.

[கோயில் பக்கம் போகாதவர்களுக்காக: பிறை வடிவில் இரண்டு சிவப்புக் கட்டைகள். ஒரு பக்கம் தட்டை, ஒரு பக்கம் மேடு. கேட்டுவிட்டுத் தரையில் போட வேண்டும். ஒன்று தட்டையும் ஒன்று மேடுமாக விழுந்தால் ஆமாம். இரண்டும் மேடாக விழுந்தால் இல்லை. இரண்டும் தட்டையாக விழுந்தால் சாமி சிரிக்கிறார், அதாவது கேள்வி சரியில்லை. இதையெல்லாம் மூடத்தனம் என்று சொல்கிறவர்கள் ஒரு மனுவை எழுதி ஏதாவது ஒரு அலுவலகத்தில் கொடுத்துவிட்டு, பதில் வருகிறதா என்று காத்திருந்து பார்க்கட்டும்.]

5

ஒரு வியாழக்கிழமை காலை எல்லோரும் கோயிலில் கூடினோம். தலைமையாசிரியர், சங்கத்து ஆட்கள், தலைவர் வெங். கட்டை போடுவதற்கு ரூய்-ஆன் அம்மா. கடையைப் பாதியில் மூடிவிட்டு எண்ணெய் வாடையோடு வந்திருந்தாள்.

முதல் கேள்வியை எழுதியது நான்தான். பள்ளியின் பெயர், முகவரி, இடைவேளை நேரம், பெற்றோர் மேற்பார்வை, காப்பீடு, ஒப்பந்தம் என்று ஒரே வாக்கியத்தில் எல்லாம் இருந்தது. ரூய்-ஆன் அம்மா மூச்சு வாங்கி வாங்கிப் படித்தாள். கட்டைகள் இரண்டும் தட்டையாக விழுந்தன. சாமி சிரித்துவிட்டார். எழுத்தாளருக்கு இதைவிட நேர்மையான விமர்சனம் கிடைத்ததில்லை.

இரண்டாவது கேள்வியைத் தலைவர் வெங்கே சுருக்கிக் கொடுத்தார். பிள்ளைகள் இங்கே விளையாடலாமா? இரண்டும் மேடு. இல்லை.

தலைவர் பெருமூச்சு விட்டார். அது நிம்மதியா வருத்தமா என்று எனக்குத் தெரியவில்லை. சாமி சொல்லிவிட்டார், இனி நம் கையில் என்ன இருக்கிறது என்றார். தலைமையாசிரியர் கும்பிட்டு நன்றி சொன்னார். நாங்களும் சொன்னோம். நன்றி சொல்வதில் எங்களை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. ஆனால் ரூய்-ஆன் அம்மா மண்டியிட்ட இடத்தைவிட்டு எழுந்திருக்கவில்லை. கட்டைகளைப் பொறுக்கி மறுபடி கைக்குள் வைத்துக்கொண்டாள்.

"சாமி, நான் ரூய்-ஆன் அம்மா, முக்குல பலகாரக் கடை. உன்கிட்ட இன்னொண்ணு கேக்கறேன். உன் வாசலையும் கூத்து மேடையையும் அடைச்சுக்கிட்டு இத்தனை கார் நிக்குதே, இது உனக்குப் பிடிச்சிருக்கா?"

யாராவது தடுப்பதற்குள் போட்டுவிட்டாள். இரண்டும் மேடு.

பின்னால் யாரோ சிரித்து, உடனே இருமலாக மாற்றிக்கொண்டார்கள். தலைவர் வெங்கின் முகம் மாறியது. இதெல்லாம் பெரிய விஷயம், ஒரு தடவை விழுந்தால் கணக்கில்லை, தொடர்ந்து மூன்று தடவை அதே பதில் வர வேண்டும் என்றார்.

"அதென்ன தலைவரே, பிள்ளைங்கன்னா ஒரு தடவை போதும், காருன்னா மூணு தடவையா?"

அவள் இரண்டாம் முறை போட்டாள். இரண்டும் மேடு.

அப்போது எங்களில் பலர் முற்றத்துப் பக்கம் திரும்பிப் பார்த்தோம். காரணம் சொல்கிறேன். அந்தக் கார்கள் யாருடையவை என்று இதுவரை நான் எழுதவில்லை. மறைத்து வைத்து உங்களை ஏமாற்றுகிற தந்திரம் இல்லை இது. அந்த நிமிஷம் வரை அது எங்களுக்கே உறைக்கவில்லை. இந்தப் பேட்டையில் மாச வாடகைக்கு ஒரு கார் நிறுத்த இடம் கிடைப்பது குதிரைக் கொம்பு. கிடைத்தவர்கள் விடுவதில்லை. அங்கே நின்றவற்றில் பாதிக்கு மேல் எங்கள் கார்கள். சங்கப் பொருளாளருடையது, மூன்றாம் வகுப்பு ஆசிரியையுடையது, முன்பல் போன பையனின் அப்பாவுடையது. பிள்ளைகளுக்கு இடமில்லை என்று இரண்டு வருஷமாகக் கூட்டம் போட்டவர்கள், ஒவ்வொரு கூட்டத்துக்கும் அந்த முற்றத்தில் காரை நிறுத்திவிட்டுத்தான் வந்துகொண்டிருந்தோம். நான் ஸ்கூட்டர்க்காரி. அதனால் யோக்கியம் என்று ஆகிவிடாது. நானும் தினம் அதைப் பார்த்துக்கொண்டுதானே போனேன்!

மூன்றாம் முறை. ஒரு கட்டை எங்கள் கண் முன்னால் விழுந்தது. மேடு. இன்னொன்று தரையில் வழுக்கிக்கொண்டு போய் காணிக்கை மேஜையின் பூவேலைத் திரைக்குப் பின்னால் மறைந்தது.

6

இங்கேதான் எல்லோரும் எனக்கு முடிவு எழுதிக் கொடுக்க வருகிறார்கள்.

தலைமையாசிரியர் விரும்பிய முடிவு: சாமி மூன்று முறை சம்மதித்தார், கதவுக்குச் சிவப்பு ரிப்பன், ஆளுக்கொரு ரொட்டிப் பொட்டலம், எல்லோரும் புகைப்படத்துக்கு நின்றார்கள்.

தலைவர் வெங் தொலைபேசியில் சொன்ன முடிவு: கமிட்டி பெருந்தன்மையோடு வாரம் ஒரு நாள் முற்றத்தைத் திறந்துவிட்டது. அவர் கேட்டதற்காக எழுதிப் பார்த்தேன். பேனா நகரவில்லை.

என் மகன் போ-யென் சொன்ன முடிவு: சாமியே இறங்கி வந்து கார்களைத் தூக்கி எறிந்தார். பத்து வயதுக்காரன் கற்பனை. மூன்றில் இதுதான் எனக்குப் பிடித்தது, ஆனாலும் வேண்டாம். எல்லாவற்றையும் சாமி தலையிலேயே கட்டுவது எந்த ஊர் நியாயம்?

7

கட்டையை எடுத்து மறுபடி போடச் சொன்னார் தலைவர்.

"சாமி போட்டதை நான் எதுக்குங்க எடுக்கணும்? யாருக்குத் தெரியணுமோ அவங்க குனிஞ்சு பாத்துக்கட்டும்."

யாரும் குனியவில்லை. திரையைத் தூக்கிப் பார்க்க ஒரு நொடி போதும். ஆனால் பார்த்துவிட்டால் பிறகு தெரியாது என்று சொல்ல முடியாது. ரூய்-ஆன் அம்மா எழுந்து முட்டியைத் தட்டிக்கொண்டாள். வெளியே போனாள். கூத்து மேடைக்கு ஓரமாக அவளுடைய கடை வேன் நின்றது. ஆமாம், அவளுடையதும் அங்கேதான் நின்றது. மாவு மூட்டையும் முட்டைத் தட்டும் ஏற்றுகிற வேன். அந்த இடம் போனால் அவள் இனி விடியற்காலையில் எங்கே நிறுத்தி இறக்குவாள் என்று எனக்குத் தெரியாது. அவளுக்கும் தெரியாது. சாமியிடம் அதைக் கேட்டபோதே தன் இடமும் போகும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. வேனைத் தெருவுக்கு எடுத்துக்கொண்டு போய், எரியும் விளக்கோடு அப்படியே நிறுத்திவிட்டு வந்தாள்.

பெரிய இடைவேளை மணி அடித்தது. ரூய்-ஆன் அம்மா இரும்புக் கதவின் கொக்கியைத் தட்டித் திறந்து, மகளின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். அந்தக் குரலுக்கு முன்னால் எந்தத் தாழ்வாரம் நிற்கும்? ரூய்-ஆன் மெதுவாக நடந்து வந்தாள். கதவருகில் நின்று தலைமையாசிரியரைப் பார்த்தாள். தலைமையாசிரியர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். அந்த ஒரு காரியத்துக்காக அவரை நான் மன்னித்துவிட்டேன்.

வேன் நின்ற இடம் ஒரு வேன் அளவுதான். ரூய்-ஆன் ஓடினாள். நாலு எட்டில் ஒரு கார் குறுக்கே வந்தது. திரும்பினாள். நாலு எட்டில் இன்னொரு கார். திரும்பினாள். முகம் சிவக்கச் சிவக்க ஓடிக்கொண்டிருந்தாள். கதவுக்கு அந்தப் பக்கம் மற்ற பிள்ளைகள் வந்து குவிந்துகொண்டிருந்தார்கள். நாங்கள் கோயில் படியில் நின்றுகொண்டிருந்தோம்.

நான் எழுதுவது இத்துடன் சரி. மேஜைக்கு அடியில் கட்டை எப்படி விழுந்தது என்று கேட்டு எனக்குக் கடிதம் போட வேண்டாம், தெரிந்தாலும் சொல்ல மாட்டேன். அந்தப் பெண்ணுக்கு இருபது நிமிஷத்தில் கொஞ்சம்தான் மிச்சம் இருக்கிறது. உங்கள் கார்ச் சாவி எந்தப் பையில் இருக்கிறது என்று தேடுங்கள்.