பழைய மீன்கடைக்குப் பின்னால்

சிவப்பு மணி அலறிய வேகத்தில் டெரெக் வைட்லியின் கையிலிருந்த காப்பி பாதி அவர் சட்டைக்குப் போயிற்று. அவர் அதைத் துடைக்கக்கூட இல்லை. நாற்காலியை இழுத்து என் முதுகுக்குப் பின்னால் போட்டு, சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்துத் தயாரானார்.

காலை பத்து இருபது. ருமேனியாவில், கலாட்ஸ் நகரத்தின் தனியார் ஆம்புலன்ஸ் கம்பெனியில், புதிய கம்ப்யூட்டர் புரோகிராமில் வரும் முதல் நிஜ அழைப்பு. அதுவரை நாங்களே அடுத்த அறையிலிருந்து கூப்பிட்டு, நெஞ்சுவலி, வயிற்றுவலி என்று நடித்துக்கொண்டிருந்தோம்.

ஹெட்போனை மாட்டிக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் தாந்தி ஸம்ஃபிரா. தாந்தி என்றால் அத்தை. இருபத்தெட்டு வருடம் ஆம்புலன்ஸ் அனுப்பியவர் என்பதால் டாக்டர்கள் முதல் டிரைவர்கள் வரை எல்லோருக்கும் அவர் தாந்திதான். மேஜை இழுப்பறையில் சூரியகாந்தி விதை, மேஜைமேல் வயர்லெஸ் மைக். இந்த இரண்டும் போதும், கம்ப்யூட்டர் எதற்கு என்பது அவர் கட்சி. ஒரு வாரமாக அதை மறைக்கவும் இல்லை.

நான் ஒட்டீலியா. வெளிநாட்டில் செய்த புரோகிராம்களை எங்கள் நாட்டுக்குத் தகுந்தபடி மாற்றிக் கொடுப்பது என் தொழில். சொற்களை மொழிபெயர்த்தால் முடிந்தது என்று நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி. சொல் வேலை பாதிகூட இல்லை. இந்தப் புரோகிராம் இங்கிலாந்தில், லீட்ஸ் நகரத்தில் பிறந்தது. அதைச் செய்த கம்பெனியின் ஆள்தான் டெரெக். எங்களுக்குத் தசமப் புள்ளி கிடையாது, காற்புள்ளிதான். முதல் நாள் தாந்தி ஒரு நடிப்பு நோயாளியின் காய்ச்சலை 39,2 என்று அடித்தார். புரோகிராம் 392 டிகிரி என்று காட்டியது. ஆள் வெந்துவிட்டார், இனி ஆம்புலன்ஸ் எதற்கு என்று தாந்தி ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டார். நாங்கள் படிவத்தில் குடும்பப் பெயரை முதலில் எழுதுவோம். அவர்கள் கடைசியில் எழுதுவார்கள். இரண்டு நாள் எங்கள் நோயாளிகள் எல்லோரும் தலைகீழாகக் கிடந்தார்கள். இதையெல்லாம் ஒவ்வொன்றாகச் சரி செய்தேன். டெரெக்கும் மறுக்காமல் ஒப்புக்கொண்டார்.

ஒன்றே ஒன்றைத்தான் அவர் ஒப்புக்கொள்ளவில்லை.

அவர் ஊரில் வீட்டு எண்ணையும் அஞ்சல் குறியீட்டையும் சொன்னால் போதும், ஆம்புலன்ஸ் வாசலில் வந்து நிற்கும். அதனால் அவருடைய புரோகிராமும் முதலில் அஞ்சல் குறியீட்டைத்தான் கேட்கும். அது இல்லாமல் 'அனுப்பு' பொத்தான் உயிர் பெறாது. எங்கள் ஊரில் ஆறு இலக்க அஞ்சல் குறியீடு வந்து மூன்று வருடம் ஆகிறது. தபால்காரருக்கே அது மனப்பாடம் இல்லை. நாங்கள் வழி சொல்வது வேறு மாதிரி. பழைய சினிமாவுக்கு எதிரே, பழைய பால்கடையைத் தாண்டி, பழைய பெட்ரோல் பங்க் பக்கத்தில். அந்த சினிமாவில் இப்போது மெத்தை விற்கிறார்கள். பால்கடை இடிந்து பத்து வருடம். ஆனாலும் எல்லோருக்கும் வழி தெரியும்.

நான் மூன்று வாரம் ஊரெல்லாம் அலைந்து இப்படிப்பட்ட முந்நூற்றுப் பன்னிரண்டு இடங்களைத் திரட்டி, வரைபடத்தில் புள்ளி வைத்து, புரோகிராமில் ஒரு தனிக் கட்டம் போட்டேன். 'அடையாளம்' என்று பெயர். அதற்குக் கீழே பிளாக், படிக்கட்டு, மாடி, வீடு என்று நான்கு சின்னக் கட்டங்கள். லீட்ஸிலிருந்து டெரெக் ஒரே வரியில் பதில் எழுதினார். இல்லாத இடங்கள் முகவரி ஆகாது, எடுத்துவிடவும்.

எடுத்துவிட்டேன் என்று எழுதினேன். எடுக்கவில்லை. திரையில் தெரியாதபடி மறைத்து, எஃப்-9 விசையை அழுத்தினால் மட்டும் வருகிற மாதிரி வைத்தேன். இன்று மாலை ஐந்து மணிக்கு, புரோகிராம் தயார் என்று டெரெக் கையெழுத்துப் போடுவார். திங்கட்கிழமை முதல் ஊருக்கே இந்தப் புரோகிராம்தான். கையெழுத்துக்கு முன்னால் அவரிடம் நிதானமாகப் பேசி அந்தக் கட்டத்தைக் காப்பாற்ற வேண்டும் என்பது என் திட்டம். அதற்குள் அவரே கண்டுபிடித்துவிட்டால் கட்டமும் போகும், என் ஒப்பந்தமும் போகும்.

இப்போது ஸ்பீக்கரில் ஒரு ஆண் குரல் மூச்சிரைத்தது. பெயர் லிவியு. மனைவிக்குப் பிரசவ வலி. தேதிக்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருக்கிறதாம், ஆனால் குழந்தை காத்திருக்கிற மாதிரித் தெரியவில்லையாம். பனிக்குடம் உடைந்துவிட்டது. வலி மூன்று நிமிடத்துக்கு ஒரு தரம்.

தாந்தி இரண்டு விரலால் பெயரை அடித்தார். அடுத்த கட்டம் சிவப்பாக மின்னியது.

“அஞ்சல் குறியீடு என்ன தம்பி?”

“என்னது?”

“அதான் நானும் கேக்குறேன். சரி, விடு. தெருப் பேர் சொல்லு.”

லிவியுவுக்குத் தெருப் பெயர் தெரியவில்லை. அவர் இருப்பது மாமியார் வீட்டில். கல்யாணமாகி ஆறு வருடம் ஆகிறது, வாராவாரம் ஞாயிற்றுக்கிழமை அங்கே சாப்பிடுகிறார், முகவரி மட்டும் தெரியாது.

“ஆறு வருஷமா மாமியார் வீட்டு அட்ரஸ் தெரியாதா உனக்கு?”

“மாமியாருக்கு யாராவது லெட்டர் போடுவாங்களா மேடம்? பழைய மீன்கடைக்குப் பின்னாடி. பத்து மாடி பிளாக் இல்ல, அதுக்கு அடுத்த நாலு மாடி பிளாக். சீக்கிரம் வாங்க.”

தாந்தியின் முகத்தில் ஒரு வெற்றிச் சிரிப்பு வந்தது. கம்ப்யூட்டரை விரலால் ஒதுக்கித் தள்ளிவிட்டு வயர்லெஸ் மைக்கை எடுத்தார். வண்டியில் இருந்த டிரைவர் கோஸ்டினெல். வெளியூர்க்காரன், தெகுச்சிலிருந்து வந்து இரண்டு வாரம்தான் ஆகிறது, அவனிடம் பழைய மீன்கடை என்று சொன்னால் புதிய மீன்கடையைக்கூடக் கண்டுபிடிக்க மாட்டான். அது தாந்திக்கும் தெரியும். தெருத் தெருவாக வழி சொல்லிவிட அவரால் முடியும்.

“கோஸ்டினெல், மஸேபாவுக்கு விடு. டானூப் ஆத்துப் பக்கமா இறங்கு, நான் சொல்லிட்டே வரேன்.”

மஸேபா. தாந்தி பிறந்து வளர்ந்த பேட்டை. அங்கே ஒரு மீன்கடை இருந்தது, இப்போது மருந்துக்கடை. அது என் பட்டியலில் இருந்தது. ஆனால் என் பட்டியலில் பழைய மீன்கடை ஒன்று அல்ல.

இந்த ஊரில் ஒவ்வொருவருக்கும் ஒரு பழைய மீன்கடை உண்டு. அவரவர் பேட்டையில் இருந்ததுதான் உலகத்திலேயே ஒரே மீன்கடை. மாமியார் எந்த மீன்கடைக்குப் பின்னால் இருக்கிறார்? தப்பான பக்கம் போனால், திரும்பி வர இருபது நிமிடம்.

பின்னால் டெரெக்கின் பேனா காகிதத்தில் ஓடுகிற சத்தம் கேட்டது. தோல்வி என்று எழுதிக்கொண்டிருப்பார். வாயால் சொல்லித் திருத்தப் பார்த்தேன். தாந்தி கையைக் காட்டி என்னை அடக்கினார். எனக்கு வேறு வழி இல்லை.

எஃப்-9ஐ அழுத்தினேன்.

திரையின் பாதியை மறைத்துக்கொண்டு அந்தக் கட்டம் வந்து நின்றது. 'மீன்' என்று அடித்தேன். வரைபடத்தில் இரண்டு சிவப்புப் புள்ளிகள் குதித்தன. ஒன்று மஸேபாவில், ஆற்றோரம். இன்னொன்று ஊரின் மறுகோடியில், இரும்பு ஆலைப் பக்கம், மைக்ரோ பத்தொன்பது என்கிற பேட்டையில். பேனா சத்தம் நின்றது.

தாந்தி திரையைப் பார்த்தார். மைக்கைப் பிடித்த கை அப்படியே நின்றது.

“மைக்ரோ பத்தொன்பதுல ஏது மீன்கடை?”

“எண்பத்தி நாலுல தொறந்தாங்க தாந்தி. பத்து வருஷம் இருந்துச்சு.”

“எனக்குத் தெரியாம?”

அவர் தெளிந்துகொண்ட வேகத்தைச் சொல்ல வேண்டும். ஒரு நொடிகூட ஆகவில்லை. கோஸ்டினெலை இருந்த இடத்திலேயே நிற்கச் சொன்னார். லிவியுவிடம், பால்கனியில் நின்றால் ஆறு தெரியுமா, இரும்பு ஆலையின் புகைபோக்கி தெரியுமா என்று கேட்டார். லிவியு பால்கனிக்கு ஓடவில்லை. மனைவி அவர் கையைப் பிடித்திருந்தாள், விடவில்லை. பின்னால் ஒரு பெண் குரல் யாருக்கு என்ன வேண்டுமாம் என்று அதட்டியது. அடுத்த நிமிடம் போனை மாமியாரே பிடுங்கிக்கொண்டார்.

“புகைபோக்கியா? காலையில வெள்ளைத் துணி காயப்போட்டா சாயங்காலம் கறுப்பா எடுக்குறேன். இத்தனை வருஷமா எழுதிப் போட்டுட்டே இருக்கேன், ஒருத்தன் வந்து பாக்கல.”

“மைக்ரோ பத்தொன்பது,” என்றேன். தாந்தியும் அதையே சொன்னார், என்னைவிட உரக்க.

மாமியார் பிளாக் எண்ணும் சொன்னார். சி-4. மூன்றாவது படிக்கட்டு, நான்காவது மாடி. முன்வாசலில் தேட வேண்டாம், மூன்றாவது படிக்கட்டுக்குப் பின்பக்கம்தான் கதவு, கம்பளம் தட்டுகிற கம்பிக்கு நேரே. ஒவ்வொன்றாகக் கட்டங்களில் அடித்து, சிவப்புப் புள்ளியை அந்தப் பின்வாசலுக்கு நகர்த்தினேன். தாந்தி என் தோளுக்கு மேல் குனிந்து, மாடியை விட்டுவிடாதே, லிஃப்ட் கிடையாது என்றும் எழுது, ஸ்ட்ரெச்சரைக் கையில்தான் தூக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அஞ்சல் குறியீட்டைப் புரோகிராம் தானே நிரப்பிக்கொண்டது. நான்தான் புள்ளியோடு அதையும் கட்டி வைத்திருந்தேன். 'அனுப்பு' பொத்தான் பச்சையாயிற்று. தாந்தி என் கையைத் தட்டிவிட்டு, தானே அதை அழுத்தினார்.

வரைபடத்தில் கோஸ்டினெலின் வண்டி ஒரு சின்ன நீலச் சதுரம். அது திரும்பியது. பிரெய்லா சாலையில் ஏறியது. டிராமுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு நின்றது. நாங்கள் மூன்று பேரும் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டோம். தாந்தி மாமியாருக்கு, வெந்நீர் வேண்டாம், சுத்தமான துண்டு வேண்டும், பெண்ணை இடப்பக்கமாகப் படுக்க வையுங்கள், முக்கச் சொல்லாதீர்கள் என்று நிறுத்தாமல் சொல்லிக்கொண்டிருந்தார். டெரெக்குக்கு ஒரு வார்த்தை ருமேனிய மொழி தெரியாது, ஆனால் நீலச் சதுரம் நகர்ந்தபோதெல்லாம் அவர் தலையும் நகர்ந்தது. டிராம் நகர்ந்ததும் அவர்தான் முதலில் தொடையில் தட்டிக்கொண்டார்.

ஏழாவது நிமிடம் சதுரம் புள்ளியின் மேல் ஏறி நின்றது. பின்வாசலில். சரியாகப் பின்வாசலில்.

அப்புறம் ஸ்பீக்கரில் யாரோ படியேறும் ஓசை, கதவு, மாமியாரின் அதட்டல், போன் எங்கோ மெத்தென்று விழுந்த சத்தம். தாந்தி இழுப்பறையைத் திறந்து ஒரு கை விதையை எடுத்தார். வாயில் போட மறந்து கையிலேயே வைத்திருந்தார். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். பார்க்க முடியாமல் திரும்பிக்கொண்டேன்.

முதலில் கேட்டது அழுகைதான். மெல்லிசாக, கோபமாக.

பிறகு வயர்லெஸ்ஸில் கோஸ்டினெல். நான்கு மாடி ஓடி ஏறிய மூச்சு இன்னும் அடங்கவில்லை.

“பொண்ணு, தாந்தி. மாமியார் வீட்டு சோஃபாலயே பொறந்துருச்சு. நாங்க உள்ள போயி மூணு நிமிஷம்தான். கொடி கழுத்துல சுத்தியிருந்துச்சு, நர்ஸ் எடுத்துட்டாங்க. ரெண்டு பேரும் நல்லாருக்காங்க. அப்பாதான் மயங்கிட்டாரு.”

தாந்தி விதையெல்லாம் கீழே கொட்டிவிட்டு என் தலையை இரண்டு கையாலும் பிடித்து நெற்றியில் முத்தமிட்டார். வெளியே டிரைவர்கள் யாரோ கைதட்டினார்கள், ஒருவன் விசிலடித்தான். நான் சிரித்தேனா அழுதேனா என்று எனக்கே சரியாக நினைவில்லை.

அப்போதுதான் பின்னால் டெரெக் தொண்டையைச் செருமினார். திரையில் என் கட்டம் இன்னும் திறந்தே கிடந்தது.

இது என்ன என்று கேட்டார். மறைக்க ஒன்றுமில்லை. எடுக்கச் சொன்ன கட்டம் என்றேன். எடுத்துவிட்டதாக எழுதியது பொய் என்றும் சொன்னேன். அவர் பட்டியலை மேலிருந்து கீழே ஓடவிட்டுப் பார்த்தார். பழைய சினிமா. பழைய பால்கடை. பழைய தண்ணீர்த் தொட்டி. பழைய, பழைய, பழைய. இந்த முந்நூற்றுப் பன்னிரண்டில் இன்றைக்கு இருப்பது எத்தனை என்று கேட்டார்.

“ஒண்ணுகூட இல்ல. இருந்தா உங்க மேப்லயே இருக்குமே.”

டெரெக் எழுந்தார். கறை பிடித்த சட்டையின் மேல் கோட்டைப் போட்டுப் பொத்தானை மாட்டினார். தாழ்வாரத்துக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு செல்போனை எடுத்தார். லீட்ஸைத்தான் கூப்பிடுகிறார் என்று தெரிந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் முதுகு மட்டும் தெரிந்தது. இடையிடையே தலையசைத்தார். ஒரு தடவை கையை வீசினார். என் ஒப்பந்தத்தின் மூன்றாம் பக்கம், ஒப்புக்கொண்டதற்கு மாறாக எதையும் சேர்த்தால் என்று தொடங்கும் பத்தி, எனக்கு வரிவரியாக நினைவுக்கு வந்தது.

“என்ன சொல்றான்?” என்றார் தாந்தி.

கேட்கவில்லை என்றேன். தாந்தி எழுந்து, நேரே கதவிடம் போய், காற்று வரவில்லை என்று யாருக்கோ சொல்வதுபோல் முணுமுணுத்துக்கொண்டே அதை அகலத் திறந்து வைத்தார். டெரெக் திரும்பி எங்களைப் பார்த்தார். போனில் பேச்சை நிறுத்தவில்லை.

“கையெழுத்துப் போடுறேன், ஆனா அந்தக் கட்டத்தோட. அதை எடுக்கச் சொல்லாதீங்க. எடுத்தா இந்த ஊர்ல யாருக்கும் வீடே கிடையாது.”